இரண்டே இருக்கை... 469 மைல் மலைப்பாதை!

ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே சினிமாவில் கதாநாயகன் விர்ரென்று கிளப்பிக்கொண்டு போகும் வண்டிதான் நமக்கெல்லாம் ஞாபகம் வரும். அதற்கென்று ஒரு சங்கம், அந்தச் சங்கத்தார் பன்னிரண்டு வண்டிகளில் வரிசைகட்டி நான்கு நாள் மலைப்பாதையில் போகிறார்கள் என்றால், "இதென்ன பந்தயமா, பைத்தியமா?" என்றுதான் கேட்கத் தோன்றும். நானும் இவரிடம் அப்படித்தான் கேட்டேன். போய் வந்தபின் சொல்கிறேன், பந்தயத்துக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது!

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தில். 2023 ஆகஸ்டில் சின்னவனும் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். பெரியவள் அதற்கு முன்பே வேலை கிடைத்து வேறு ஊர் போனவள். வீடு வெறிச்சென்று ஆனதும் இவர் செய்த முதல் காரியம், பிள்ளைகளை ஏற்றி இறக்கிய பெரிய வண்டியைக் கொடுத்துவிட்டு, யாரோ ஓட்டிய மாஸ்டா மியாடா ஒன்றை வாங்கி வந்ததுதான். மேல்கூரையைத் துணி மாதிரி மடக்கிவிடலாம். இரண்டே இருக்கை. 1989-ல் வந்த இந்த ஜப்பான் வண்டி 2016-க்குள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டதாம். வைத்திருப்பவர்கள் ஊருக்கு ஊர் சங்கம் வைத்திருக்கிறார்கள்.

முதல் நாள் அதில் உட்கார்ந்தபோது, இருபத்திரண்டு வருஷமாகப் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தே பழகின கழுத்து தானாகத் திரும்பிற்று. அங்கே சீட்டே இல்லை. இவர் கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் நடுவில் புறப்பட்டோம். நாங்கள் போன ப்ளூ ரிட்ஜ் பார்க்வே என்ற சாலை வர்ஜீனியாவில் ராக்ஃபிஷ் கேப் என்ற கணவாயில் ஆரம்பித்து, வட கரோலினா மாநிலத்தில் செரோக்கி ஊர் வரைக்கும் போகிறது. 469 மைல், நம் கணக்கில் 755 கிலோமீட்டர். ப்ளூ ரிட்ஜ் என்றால் நீல மலைத்தொடர். எனக்குப் பிறந்த ஊர் மேட்டுப்பாளையம். நீலகிரியை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவளுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் எப்படி இருந்திருக்கும், பாருங்கள்! மரங்கள் வெளிவிடும் ஒருவகை ஆவிதான் தூரத்தில் நீலப் புகை மாதிரி தெரிகிறதாம். எங்கள் மலையில் லாரியும் பஸ்ஸும் ஹாரன் அடித்துக்கொண்டே ஏறும். இங்கே சரக்கு லாரிக்கு அனுமதியே இல்லை. விளம்பரப் பலகை ஒன்று கிடையாது. பெட்ரோல் பங்க்கும் கிடையாது. பக்கத்து ஊரில் இறங்கித்தான் போட்டுக்கொண்டு வரவேண்டும். பெரும்பாலான இடங்களில் மணிக்கு 45 மைலுக்கு மேல் போகக்கூடாது. ஸ்போர்ட்ஸ் காருக்கு இது மாட்டுவண்டி வேகம்! "இதற்கா இந்த வண்டி?" என்றேன். "வளைவுக்குத்தான் இந்த வண்டி" என்றார் இவர்.

நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்து ஆடிய 1935-ல், ஆட்களுக்கு வேலை கொடுப்பதற்காகவும் சேர்த்து ஆரம்பித்த சாலை இது. கடைசித் துண்டு முடிந்தது 1987-ல். நான் எட்டு வயசுப் பெண்ணாகக் கல்லாறில் பாக்குத் தோப்பைச் சுற்றிக்கொண்டிருந்த வருஷம்.

சங்கத்தாரின் ஒழுங்கைச் சொல்லவேண்டும். காலையில் எல்லோரும் கூடி அன்றைய வழி எழுதிய தாளை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆறு ஆறு வண்டியாக இரண்டு கூட்டம். வழி தெரிந்தவர் முதலில் போவார். இன்னொரு அனுபவசாலி கடைசியில் வருவார். வண்டிக்கு ஒரு வாக்கி டாக்கி. ஒருவரையொருவர் முந்தக்கூடாது. வழி பிரியும் இடத்தில், பின்னால் வரும் வண்டி கண்ணில் படும்வரை காத்திருந்து கையைக் காட்டிவிட்டுத்தான் திரும்பவேண்டும். நம் ஊரில் கல்யாணத்துக்கு நாலு வேன் கிளம்பும்போது இப்படி ஒரு கட்டுப்பாடு இருந்தால், பாதி ஜனம் வேறு மண்டபத்தில் போய் இறங்காது!

வந்தவர்களில் அநேகம் பேர் அறுபது தாண்டியவர்கள். எழுபது தாண்டிய ஒரு அம்மாள் சிவப்பு வண்டியைத் தன்னந்தனியாக ஓட்டி வந்தார். மற்றபடி ஓட்டுபவர் கணவர், வழி சொல்பவர் மனைவி. தாளைப் பார்ப்பதும், மைல் கல்லை எண்ணுவதும், "அடுத்த நிறுத்தத்தில் நிற்கிறோம்" என்று வாக்கி டாக்கியில் சொல்வதும் எங்கள் வேலை.

இந்த வேலையில்தான் ஒரு சங்கடம். வளைந்து வளைந்து போகும் வண்டியில் குனிந்து தாளைப் படித்தால் என்ன ஆகும்? பத்தே மைலில் எனக்கு வயிற்றைப் புரட்டிவிட்டது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘ஆடுகிறோம்’ என்கிறது. தாளைப் பார்க்கும் கண்ணோ ‘ஆடவில்லை’ என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்பட்டால் மூளை குழம்பி வாந்தி வருகிறது. அதனால் முதல் நாள் இரவே அடுத்த நாள் வழியைப் படித்து, முக்கியமான மைல் எண்களை மட்டும் பெரிதாக ஒரு அட்டையில் எழுதி எதிரே செருகிவிட்டேன். கண் தூரத்து மலையில் இருந்தது. காலையில் எண்ணெய் இல்லாத லேசான சாப்பாடு, வாயில் ஒரு துண்டு இஞ்சி. வாந்தி மாத்திரை போடுகிறவர்கள் கிளம்புவதற்கு அரைமணி, முக்கால் மணி முன்னாலேயே போட்டுக்கொள்ள வேண்டும். ஏறியபின் போட்டுப் பயனில்லை. தூக்கம் வரும் மாத்திரை என்பதால் ஓட்டுகிறவர்கள் தொடக்கூடாது. கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் எதையும் போடவேண்டாம்.

டிக்கியில் சூட்கேஸ் நுழையாது. ஆளுக்கு ஒரு துணிப்பை, அவ்வளவுதான். புளிக்காய்ச்சல் பாட்டிலும் தட்டை டப்பாவும் என் காலடியிலேயே பயணம் செய்தன! கூரையைத் திறந்து போகும்போது காது மூட ஒரு ஸ்கார்ஃப் அவசியம். குளிர்காற்றில் தாகமே தெரியாது. உதடு வெடித்தபிறகுதான் தண்ணீர் ஞாபகம் வரும்.

இரண்டாம் நாள் 176-ஆம் மைலில் மாப்ரி மில் என்ற பழைய தண்ணீர் ஆலை. எட் மாப்ரியும் அவர் மனைவி லிஸியும் அக்கம்பக்கத்தாருக்கு மக்காச்சோளம் அரைத்துக் கொடுத்தார்களாம். மரச்சக்கரம், குளத்தில் அதன் நிழல், சுற்றிலும் மஞ்சளும் சிவப்புமாக இலைகள்... வந்தவர்கள் எல்லோரும் போட்டோ எடுத்துத் தள்ளினார்கள். அடுத்த நிறுத்தம் எது என்று நான் அட்டையைப் பார்த்தேன். வழித்தாளில் சின்ன எழுத்தில் 190-ஆம் மைலை ஒட்டி ‘பக்கெட் குடிசை’ என்று மட்டும் போட்டிருந்தது. வாக்கி டாக்கியில் சொல்லிவிட்டு ஒதுங்கினோம். மூன்று வண்டிகள் நின்றன. மற்றவை மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டன.

ரோட்டோரம் ஒரே அறை, மரக்கட்டைச் சுவர், புகைபோக்கி. உறவுக்காரர் ஒருவர் குடியிருந்த குடிசையாம் அது. ஒர்லீனா பக்கெட் என்ற அம்மாளின் சொந்த வீடு அதன் பக்கத்தில் இருந்ததாம். பலகையில் எழுதியிருந்ததைப் படித்தேன். மறுபடி படித்தேன். இந்த அம்மாள் பெற்ற பிள்ளைகள் 24. ஒன்றுகூடப் பிழைத்து வளரவில்லை. முதல் பெண் ஜூலியா ஆன் ஏழு மாதம் இருந்து டிப்தீரியாவில் போனாள். பின்னால் வந்தவை பிறந்தும் பிறவாமலுமாகப் போய்விட்டன. ஐம்பது வயதை ஒட்டி ஒருநாள் அண்டை வீட்டில் பிரசவம் பார்க்கப் போனவர், அதற்கப்புறம் விடவேயில்லை. நடந்தும் குதிரையிலுமாக, பனியில் செருப்பு வழுக்காமல் இருக்க ஆணி அடித்துக்கொண்டு, மலையெல்லாம் சுற்றி ஆயிரம் பிள்ளைகளுக்கு மேல் கையில் ஏந்தினார் என்கிறார்கள். 1939-ல், நூறு வயதை ஒட்டி இறந்தார்.

எனக்குக் கால் அங்கேயே நின்றுவிட்டது. ஏனென்று இவருக்குத் தெரியும்.

என் ரத்தம் ஆர்.எச். நெகடிவ், இவருடையது பாசிடிவ். பக்கெட் அம்மாளுக்கும் இதுவே இருந்திருக்கலாம் என்பது பின்னால் வந்தவர்களின் ஊகம். தாய் நெகடிவ், குழந்தை பாசிடிவ் என்றால், முதல் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பிரசவத்தில் அதன் ரத்தம் கொஞ்சம் தாயின் உடம்பில் கலக்கும். அதை எதிரி என்று நினைத்துத் தாயின் உடம்பு ஆயுதம் தயாரித்து வைத்துக்கொள்ளும். அடுத்து வரும் பாசிடிவ் குழந்தையின் ரத்த அணுக்களை அந்த ஆயுதம் அழிக்கும். கடுமையான மஞ்சள் காமாலை, ரத்தசோகை, வயிற்றிலேயே மரணம்... போகப்போக மோசமாகும். இதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 1968-ல்தான் புழக்கத்துக்கு வந்தது. கர்ப்பத்தின் 28-ஆவது வாரத்தில் ஒன்று, குழந்தை பாசிடிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று போடுவார்கள். கர்ப்பம் கலைந்தாலும் டாக்டரிடம் இந்த ஊசியைப் பற்றிக் கேட்கவேண்டும்.

2001-ல் கோயமுத்தூரில் பெரியவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அந்த ஊசி இருப்பில் இல்லை. என் அப்பா கடை கடையாக அலைந்து, ஐஸ் நிரப்பின பிளாஸ்கில் வைத்து ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே கொண்டுவந்தார். "என்னம்மா, ஒரு ஊசி ஒரு மாசச் சம்பளத்தையே கேட்குதே!" என்று சிரித்தார். நாலு வருஷம் கழித்துச் சின்னவன் மூன்றரைக் கிலோ எடையோடு பிறந்தான். அப்பா இப்போது இல்லை. பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போய்விட்டார்கள் என்று இரண்டு மாதமாக மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவள் நான். போவதற்கு எனக்குப் பிள்ளைகள் இருந்தார்களே! அந்தக் குடிசைத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் போன் போட்டேன். சின்னவன், "அம்மா, கிளாஸில் இருக்கேன்" என்று வைத்துவிட்டான். அது போதும் எனக்கு.

சிவப்பு வண்டி அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னேன். தானும் நெகடிவ்தான், தன் அம்மாவுக்கு இரண்டு தங்கிற்று, மூன்று தங்கவில்லை என்றார். அவர் பிறந்த காலத்தில் ஊசி ஏது?

மூன்றாம் நாள் 304-ஆம் மைலில் லின் கோவ் பாலம். கிராண்ட்ஃபாதர் மலையின் இடுப்பில் ஒட்டியாணம் மாதிரி வளைந்து போகிறது. பாறைகளையும் செடிகளையும் கெடுக்கக்கூடாது என்று, வேறிடத்தில் வார்த்த 153 கான்கிரீட் துண்டுகளை ஒவ்வொன்றாக மேலிருந்தே கோத்திருக்கிறார்கள். துண்டு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 டன். அவற்றில் நேரானது ஒன்றே ஒன்றாம். கேட்டதும் எனக்கு என் முறுக்குதான் ஞாபகம் வந்தது.

அதைத் தாண்டி ஒரு நிறுத்தத்தில் இவரிடம் சாவியை வாங்கிக்கொண்டேன். ஆட்டோமேடிக் கியர்தான், ஆனாலும் கதவுக்கு அந்தப் பக்கம் பள்ளம்! ஐந்து மைல் வரை மூச்சே விடவில்லை. அப்புறம் பார்த்தால் குமட்டலைக் காணோம். ஓட்டுகிறவருக்கு வளைவு வருவது முன்கூட்டியே தெரிவதால் வயிறு புரட்டுவது அபூர்வமாம். பக்கத்தில் உட்கார்ந்த இவர்தான், இருபதாவது மைலில் சத்தமில்லாமல் என் இஞ்சி டப்பாவைத் திறந்தார்.

கடைசி நாள் 431-ஆம் மைலில் இந்தச் சாலையின் உச்சி, 6,053 அடி. அங்கிருந்து இறங்கினால் செரோக்கி. ராத்திரித் தங்கலுக்கு இறங்கியும், வேலை நடந்த இடத்தில் சுற்றியும் போனதால் எங்கள் மீட்டர் 469-க்கு மேலேயே காட்டிற்று.

நாங்கள் போன மறுவருஷம், 2024 செப்டம்பர் கடைசியில், ஹெலீன் புயல் வந்து வட கரோலினாப் பகுதியில் இந்தச் சாலையைப் பல இடங்களில் சரித்துப் போட்டது. அதன்பின் செப்பனிட்டுப் பகுதி பகுதியாகத்தான் திறந்தார்கள். இந்தப் பக்கம் பிள்ளைகளைப் பார்க்க வருகிறவர்கள், எந்த மைலிலிருந்து எந்த மைல் வரை திறந்திருக்கிறது என்று தேசியப் பூங்காத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். பனிக்காலத்திலும் அடிக்கடி மூடுவார்கள். 190-ஐ ஒட்டிய மைல் வரும்போது வண்டியைக் கொஞ்சம் மெதுவாக விடச் சொல்லுங்கள்; மரங்களின் மறைவில் சட்டென்று தாண்டிவிடும்.