சூலையும் ஸ்கேனும்

பண்ருட்டியை அடுத்த திருவதிகைக்குப் போகிறவர்களுக்குச் சூலை நோயின் நினைவு வராமல் இராது. திருநாவுக்கரசர் அந்நோயால் துடித்ததும், தமக்கை திலகவதியார் திருநீறு அளித்து அவரை வீரட்டானத்துக்கு அழைத்துச் சென்றதும் நாம் அறிந்த கதை. இக்காலத்தில் ஒருவருக்கு அப்படி வயிறு வலித்தால், வீட்டார் வாயிலிருந்து புறப்படும் முதற்சொல் "ஸ்கேன்" என்பதுதான்.

சென்ற ஆண்டு என் தமக்கையின் பத்து வயது மகன் ஒரு நள்ளிரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். கடலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "பணத்தைப் பற்றிக் கவலையில்லை டாக்டர், உடனே சி.டி. எடுத்துவிடுங்கள்" என்று அத்தான் கெஞ்சினார். அந்த இளம் டாக்டரம்மாள் பையனின் வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டு, "முதலில் அல்ட்ரா சவுண்டு பார்க்கலாம். அதில் தெரியாவிட்டால் சி.டி. இருக்கவே இருக்கிறது" என்றார். அத்தானுக்குக் கோபம். மட்டமான சரக்கைத் தம் தலையில் கட்டுவதாகவே அவர் நினைத்தார்.

உண்மை அதுவன்று. அல்ட்ரா சவுண்டு வெறும் ஒலியலை. சி.டி.யோ உடலைச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து எக்ஸ் கதிரைப் பாய்ச்சிப் படம் எடுப்பது. மண், காற்று, உணவு, ஆகாயம் இவற்றிலிருந்து ஓராண்டில் நமக்கு இயற்கையாக வந்து சேரும் கதிர்வீச்சு, உலகச் சராசரியில் சுமார் 2.4 மில்லி சீவர்ட். பெரியவர் ஒருவருக்கு வயிற்றை ஒருமுறை சி.டி. எடுத்தால் ஏறத்தாழ 8 முதல் 10 வரை. இதனால் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்புச் சிறிதளவே கூடுகிறது என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. ஆனால் வளரும் குழந்தைகளுக்கு அந்த அபாயம் அதிகம்.

அமெரிக்காவில் 15 அவசர சிகிச்சைப் பிரிவுகளில், சிறுநீரகக் கல் என்று சந்தேகிக்கப்பட்ட 2,759 பேரை வைத்து நடந்த ஆராய்ச்சியொன்று 2014-ல் வெளியாயிற்று. முதலில் அல்ட்ரா சவுண்டு பார்த்தவர்கள் மேல் கதிர் குறைவாகவே பட்டது. நோயைக் காணத் தவறியதால் நேர்ந்த பெருங்கேடுகளிலோ, இரு சாராருக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

எங்கள் பையனுக்குக் குடல்வால் வீங்கியிருந்தது அல்ட்ரா சவுண்டிலேயே தெரிந்துவிட்டது. பொழுது விடிவதற்குள் ஆபரேஷனும் முடிந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் சி.டி.யே வேண்டாமென்று அடம் பிடிக்கலாகாது. விபத்தில் மண்டை அடிபட்டு நினைவு தப்பியவனுக்கு அதுவே உயிர் காக்கும் துணை. அங்கே தயங்குவது பேதைமை. மற்ற வேளைகளில் வீட்டார் செய்யக்கூடிய காரியங்கள் உண்டு. முன்பு எடுத்த படங்களைப் பத்திரமாக வைத்திருந்து காட்டினால், எடுத்ததையே மறுபடி எடுக்க வேண்டி வராது. பெண்கள் கருவுற்றிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குழந்தையானால், அதன் எடைக்குத் தக்கபடி கதிரைக் குறைத்து எடுப்பார்களா என்று விசாரிக்கலாம். எல்லாவற்றுக்கும் முதலாக, "கதிர் இல்லாத வழியில் இதைக் கண்டறிய முடியுமா?" என்று கேட்க வேண்டும். கேட்பதற்குக் காசு இல்லை. அதற்காகக் கோபித்துக்கொள்ளும் நல்ல வைத்தியரும் இல்லை.