பின்சீட்டில் வேளச்சேரி!

வேளச்சேரின்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஃபீனிக்ஸ் மால், விஜயநகர் பஸ் ஸ்டாண்ட், தலைக்கு மேல போற மேம்பாலம், 2007-ல் வந்து சேர்ந்த பறக்கும் ரயில்... அதானே? இதெல்லாம் ஊருக்கே தெரிஞ்ச வேளச்சேரி. நான் இப்ப உங்களைக் கூட்டிட்டுப் போறது வேற வேளச்சேரிக்கு. டிக்கெட் வேண்டாம். ஒரு பழைய ஸ்கூட்டரோட பின்சீட் போதும். ஹெல்மெட் மட்டும் மறக்காம எடுத்துக்கங்க, பின்சீட்டுக்கும் கேஸ் போடுறாங்க!

முன்சீட்ல உட்கார்ந்திருக்கிறவர் வீட்டு புரோக்கர். இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ். "பேரு போடாதீங்க தம்பி, போட்டோவும் வேணாம். நீங்க எழுதுறதைப் படிச்சா ஒரு ஓனரும் எனக்குச் சாவி தர மாட்டான்" என்று முதலிலேயே கண்டிஷன் போட்டுவிட்டார். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அவர் 'அண்ணன்'தான்.

காலை எட்டு மணி. பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை. அங்கே நிற்கிற அஞ்சு பேரில் நாலு பேர் புரோக்கர்கள். பார்த்தால் போட்டிக் கம்பெனிக்காரர்கள் மாதிரியே தெரியாது. ஒருத்தர் கையில் வீடு இருக்கும், இன்னொருத்தர் கையில் 'பார்ட்டி' இருக்கும். ரெண்டும் சேர்ந்தால் கமிஷன் பாதிப் பாதி. வாடகை வீடுன்னா ஒரு மாச வாடகை கமிஷன், குடிவர்றவர் தரணும். ஓனரும் தரணும்னுதான் பேச்சு, ஆனா "தர்றேன் தர்றேன்னு சொல்லிட்டே அடுத்த வாடகைக்காரன் வர்ற வரைக்கும் இழுப்பாங்க" என்கிறார் அண்ணன். விற்பனைன்னா ஒண்ணு, ரெண்டு பர்சென்ட். அது வருஷத்துக்கு ஒண்ணு அமைஞ்சாலே பெரிய விஷயமாம். பட்டா, வில்லங்கச் சான்று, பிரிபடாத பங்குன்னு அது தனி உலகம், அதுக்குள்ள நாம இன்னைக்குப் போகலை.

அண்ணன் சட்டைப் பையில் ஸ்மார்ட்போன் இருக்கிறது. ஆனால் தொழில் நடப்பது ஒரு நீளமான கணக்கு நோட்டில்தான். ஸ்கூட்டர் டிக்கியில் ஒன்பது சாவிக்கொத்து, ஒவ்வொன்றிலும் அட்டை கட்டித் தெரு பேர் எழுதியிருக்கிறது. "இப்பதான் நோபுரோக்கர்னே ஒரு ஆப் இருக்கே, உங்க பொழப்பு என்னாச்சு?"ன்னு கேட்டேன். "பேர்லயே என்னை வேணாம்னு வெச்சிருக்கான், நானென்ன பண்ணட்டும்!" என்று சிரித்தார். "தம்பி, வாசல்ல 'நோ புரோக்கர்ஸ்'னு போர்டு மாட்டுன ஓனருங்கதான் ரெண்டு மாசம் வீடு காலியாக் கெடந்தா நமக்குப் போன் போடுவாங்க. ஏன்னா ஆப்புல வர்றவன்கிட்ட அவங்களே பேசணும். அங்கதான் அவங்களுக்குக் கஷ்டம்." அது என்ன கஷ்டம்னு அப்போ எனக்குப் புரியலை. மத்தியானம் புரிந்தது. உங்களுக்கும் சொல்றேன், அவசரப்படாதீங்க.

வண்டி கிளம்பிடுச்சு. தண்டீஸ்வரம் பக்கம் போகும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. கோயிலைச் சுத்தின பழைய ஊர் அது. ஆனா ராம் நகர், ஏ.ஜி.எஸ். காலனின்னு தெற்கே உள்ளே போகப் போக, கண்ணைக் கொஞ்சம் தாழ்வாக வையுங்க. மாடியைப் பார்க்காதீங்க, படியைப் பாருங்க. பழைய வீடுகளுக்குத் தெருவிலிருந்து கீழே இறங்கணும். ரோடு போட்டுப் போட்டு ரோடே வீட்டை விட உசந்துபோச்சு. புது வீடுகளுக்கு ஆறு படி, ஏழு படின்னு மேலே ஏறணும், கார் நிறுத்தத்தான் கீழ்தளம். மீட்டர் பெட்டியைப் பாருங்க. சில வீடுகளில் இடுப்பு உயரத்தில் இருந்த பெட்டியைக் கழற்றித் தலைக்கு மேலே மாட்டியிருப்பாங்க, பழைய இடத்தில் சதுரமாகச் சிமென்ட் பூசின தழும்பு இருக்கும். காம்பவுண்டு சுவரில் புது பெயின்ட்டுக்கு அடியில் ஒரு கோடு லேசாக வெளியே தெரியும். அதான் 2015 டிசம்பர். அதுக்குக் கீழே இன்னொரு கோடு இருந்தால் அது 2023 மிக்ஜாம் புயல்.

நான் படிக்கிறது சிவில் என்ஜினீயரிங். பிளிந்த் லெவல், கான்டூர் மேப் எல்லாம் செமஸ்டருக்குச் செமஸ்டர் படம் போட்டிருக்கேன். அண்ணன் எந்தப் படமும் பார்க்காமலேயே, "இந்தத் தெருவுல இடது கை வீடு ஓகே, வலது கை வீடு முழங்கால்" என்கிறார். முழங்கால் என்றால் தண்ணீர்! அவர் கணக்கில் தெருக்களுக்கு மூணே அளவு. கணுக்கால், முழங்கால், இடுப்பு.

இதில் ரகசியம் ஒண்ணும் இல்லை பாஸ். ஆதம்பாக்கம் பக்கத்துத் தண்ணி, வீராங்கல் ஓடை வழியா இந்த ஏரியாவைத் தாண்டித்தான் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகணும். போற வழியெல்லாம் நாம வீடு கட்டிக் குடிவந்துட்டோம். வேளச்சேரி ஏரியும் சுருங்கிப்போச்சு. 2022-ல் அந்தச் சதுப்பு நிலத்துக்கு ராம்சார் அந்தஸ்து கிடைச்சது, உலக அளவில் முக்கியமான ஈரநிலம்னு. தண்ணிக்கு அந்தஸ்தெல்லாம் தெரியாது, பழைய வழியைத்தான் தேடி வருது. 2024 அக்டோபரில் கனமழைன்னு அறிவிப்பு வந்ததும் ஜனங்க காரையெல்லாம் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்து மேலே வரிசையா நிறுத்தினாங்களே, டி.வி-யில் பார்த்திருப்பீங்க. "அன்னிக்கு எனக்கு அம்பது போன் தம்பி. எல்லாரும் 'மாடி வீடு இருக்கா?'ன்னு. பொங்கலுக்கு அப்புறம் ஒருத்தன் கேக்கலை" என்கிறார் அண்ணன்.

முதல் வீடு. ரெண்டு பெட்ரூம், வாடகை 22,000. கதவைத் திறந்ததும் அண்ணன் செய்கிற முதல் வேலை ஜன்னல்களைத் திறப்பது, ரெண்டாவது எல்லா லைட்டையும் போடுவது, மூணாவது பைப்பைத் திறந்து தண்ணி சத்தம் கேட்க வைப்பது. பிறகுதான் பார்ட்டி உள்ளே வரலாம். புரோக்கர் பாஷைக்கு ஒரு அகராதியே போடலாம். 'காத்தோட்டமான வீடு'ன்னா எதிரே காலி மனை, நாளைக்கே அங்கே கட்டடம் எழும்பலாம். 'ஓனர் தொந்தரவு இல்லை'ன்னா ஓனர் வெளியூர், மோட்டார் ரிப்பேரானா நீங்கதான் பார்த்துக்கணும். 'அமைதியான ஏரியா'ன்னா ராத்திரி ஒன்பதுக்கு மேல ஷேர் ஆட்டோ கிடைக்காது. இதையெல்லாம் சிரிக்காமல் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அண்ணனேதான்!

மத்தியானத்துக்குள் நாலு வீடு ஆச்சு. இப்ப அந்தக் 'கஷ்டம்' விஷயத்துக்கு வர்றேன்.

அஞ்சாவது பார்ட்டி ஒரு ஐ.டி. பையன். துரைப்பாக்கத்தில் வேலை, கல்யாணமாகி நாலு மாசம். ஊரிலிருந்து மனைவியைக் கூட்டிட்டு வரணும், வீடு வேணும். வீடு பிடிச்சுப்போச்சு. வாடகைக்கும் சம்மதம், அட்வான்ஸ் ஆறு மாசத்துக்கும் சம்மதம். அண்ணன் ஓனருக்குப் போன் போடுகிறார். ஓனர் கேட்ட முதல் கேள்வி, "ஃபேமிலிதானே?" ரெண்டாவது, "வெஜ்ஜா?" மூணாவது, "பேர் என்ன?" பையன் முஸ்லிம். அண்ணன் பேரைச் சொன்னதும் அந்தப் பக்கம் ரெண்டு செகண்டு அமைதி. அப்புறம் அண்ணன் வெறும் "சரிங்க சார்... சரிங்க சார்..." மட்டும்.

போனை வைத்துவிட்டு, "ஓனரோட சொந்தக்காரங்க வர்றாங்களாம் தம்பி, நேத்தே பேசிட்டாங்களாம்" என்றார் அந்தப் பையனிடம்.

அவர் கோபப்படவே இல்லை. "இவர் எத்தனாவது சொந்தக்காரர்ணே?" என்று மட்டும் கேட்டார். அண்ணன் பதில் சொல்லாமல் வண்டிச் சாவியைத் தேடினார். சாவி அவர் கையில்தான் இருந்தது.

இதுதான் பாஸ் விஷயம். ஓனர் தன் வாயால் சொல்லக் கூச்சப்படுகிற 'முடியாது'வை வேறு வார்த்தையில் மாற்றிச் சொல்கிற வேலை. சாதி, மதம், கறி, மீன், பேச்சுலர், தனியா இருக்கிற பொண்ணு... ஒவ்வொண்ணுக்கும் ஒரு ரெடிமேட் காரணம் இருக்கு. 'பையன் அமெரிக்காவுல இருந்து வர்றான்', 'பெயின்ட் வேலை பாக்கி', 'விக்கிற ஐடியா'. ஆப்பில் பட்டனைத் தட்டினால் இந்தப் பொய்யை ஓனர் தானே சொல்லணும். ஒரு மாச வாடகை கமிஷன்ல இதுவும் அடக்கம்.

"உங்களுக்குத் தப்பாத் தெரியலையாண்ணே?"

"தெரியாம என்ன? உண்மையச் சொன்னா ஓனர் போயிடுவான். அந்தத் தம்பிக்கும் மனசு ஒடைஞ்சிரும். பொய்னு அவருக்கும் தெரியும், ஆனா அதைப் புடிச்சுக்கிட்டு நடந்து போயிரலாம்ல?"

எனக்கு இது முழுசா ஒப்பலை. ஆனா அடுத்து அவர் செய்ததையும் சொல்லணும். நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பினார். கடைசி நாலஞ்சு பக்கத்தில் தனியா ஒரு லிஸ்ட். தலைப்பு எதுவும் இல்லை. "இதெல்லாம் கேள்வி கேக்காத வீடு தம்பி." மொத்தம் இருபத்தாறு. அந்தப் பையனுக்கு அதிலிருந்து மூணு வீட்டைக் குறித்துக் கொடுத்து, சாயங்காலம் காட்டுறேன்னு அனுப்பிவைத்தார்.

நான் அந்த லிஸ்ட்டைப் படித்துப் பார்த்தேன். காலையில் முழங்கால், இடுப்புன்னு அவர் கை காட்டின தெருக்கள் ஒவ்வொண்ணா வந்துகிட்டே இருக்கு. எண்ணினேன். இருபத்தாறில் பதினேழு.

"தண்ணி நிக்கிற வீட்டு ஓனர் என்னத்தைக் கேப்பான்?" என்றார் அண்ணன், டீயை ஆத்திக்கொண்டே.

வருமானக் கதையைச் சுருக்கமா முடிச்சிடறேன். ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டாங்க, மார்கழியிலும் அதே. அந்த ரெண்டு மாசமும் அண்ணன் வீட்டில் சீட்டுக் கடன்தான். ஸ்கூல் திறக்கிற சமயம், தை மாசம், இப்ப நாம சுத்துற ஆவணி, இதெல்லாம்தான் சீசன். அட்வான்ஸ் பத்து மாசம்ங்கிற பழைய மெட்ராஸ் வழக்கம் குறைஞ்சிருக்கு. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புது வாடகைச் சட்டம் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாதுங்குது, ரெண்டு தரப்பும் வேற மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கலைன்னா! அந்த 'போட்டுக்கலைன்னா' வழியா ஆறு மாசம் அப்படியே உள்ளே வந்துடுது. ரெரா சட்டத்தில் பதிவான புராஜெக்ட்டில் ஃபிளாட் வித்துக் கொடுக்கிற ஏஜென்ட் பதிவு பண்ணியாகணும். வாடகைக்குப் பிடிச்சுக் கொடுக்கிற அண்ணன் மாதிரி ஆட்களுக்கு அது பொருந்தாது. அவருக்கு லைசென்ஸ் அந்த நோட்டுதான்.

சாயங்காலம் நாலரை. ஏழாவது வீடு. தரைத்தளம், தெருவிலிருந்து ரெண்டே படி. வாடகை 16,000, பக்கத்துத் தெருவை விட நாலாயிரம் கம்மி. கணவன், மனைவி, தோளில் தூங்குகிற கைக்குழந்தை. ஓனரும் கூடவே நிற்கிறார். உள்ளே புது பெயின்ட் வாசம் தூக்குது. மனைவி எல்லா ரூமையும் பார்த்துட்டு, சமையல் மேடையைத் தடவிப் பார்த்துட்டு, கடைசியா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"மழைக்குத் தண்ணி வருமாண்ணே?"

"சேச்சே, ரோட்டுல கொஞ்சம் நிக்கும், ரெண்டு மணி நேரத்துல வடிஞ்சிரும்" என்று ஓனர் முந்திக்கொண்டார். அண்ணன் வாயைத் திறக்கலை. வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, "மீட்டர் பொட்டி எம்புட்டு ஒசரத்துல இருக்கு பாத்தீங்களா சார்" என்றார் கணவரிடம், சும்மா ஏதோ பேசுகிற மாதிரி. அவர் நிமிர்ந்து பார்த்தார். பெட்டியைப் பார்த்தார், கீழே சிமென்ட் பூசின சதுரத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்றோங்க" என்று கிளம்பிவிட்டார்கள். பதினாறாயிரம் கமிஷன் பைக்கில் ஏறிப் போயிடுச்சு.

"எல்லார்கிட்டயும் இப்படிச் சொல்லிடுவீங்களாண்ணே?"

"எல்லார்கிட்டயும் சொன்னா சோத்துக்கு என்ன பண்றது? கைக்கொழந்தை, வயசானவங்க இருந்தா சொல்லிருவேன்."

"அப்ப எங்களை மாதிரிப் பசங்க வந்தா?"

"நீங்கல்லாம் லேப்டாப்பைத் தூக்கிட்டு மாடிக்கு ஏறிடுவீங்க தம்பி!"

அடக்கமாட்டாமல் நானும் சிரிச்சுட்டேன். ஆனா இதுல எனக்கு உடன்பாடு இல்லை. மாடிக்கு ஏறலாம்தான், மெத்தையும் சர்ட்டிபிகேட்டும் கூடவே ஏறாதே!

வெள்ளிக்கிழமை போனில் கேட்டேன். அந்த ஐ.டி. பையனுக்கு வீடு அமைஞ்சுடுச்சாம். மூணில் ஒண்ணு, முதல் மாடி, தெரு மட்டும் முழங்கால். தரைத்தள வீடு என்னாச்சுன்னேன். "அது புதன்கிழமையே போயிடுச்சு தம்பி. மூணு பசங்க, காலேஜ் முடிச்சு வேலைக்கு வந்திருக்காங்க. பேச்சுலருக்குத் தர மாட்டேன்னு பத்து வருஷமாச் சொல்லிட்டிருந்த ஓனரு, பரவால்ல தந்துருங்கன்னுட்டாரு."

"பசங்க தண்ணி வருமான்னு கேட்டாங்களாண்ணே?"

"கேக்கலையே. வீடு தர்றேன்னதே பெருசுன்னு டோக்கன் அட்வான்ஸைக் கையில குடுத்துட்டாங்க."