வாணிகமும் சிறைப்புறமும்

மக்கள் கூடி வாழ்தற்கு மொழி முதற்கருவியாதல் போல, அவர் கூடித் தொழில் செய்தற்குச் செய்தி முதற்கருவியாகும். ஒருவன் விளைக்கின்றான், ஒருவன் சுமக்கின்றான், ஒருவன் விற்கின்றான், ஒருவன் கொள்கின்றான். இந்நால்வரும் ஒருவர் நிலையை ஒருவர் அறியாராயின் விளைந்த பொருள் களத்திலே கெடும். வேண்டுவோன் இல்லத்திலோ கலம் வறிதாய்க் கிடக்கும். தேனையும் கிழங்கையும் கொடுத்தோர் மீன்நெய்யையும் நறவையும் கொண்டு சென்றனர் எனப் பொருநராற்றுப்படை கூறுகின்றது. அம்மாற்று நிகழ்தற்கு முன்னரே, மலையில் தேனுண்டு, கடற்கரையில் மீன்நெய்யுண்டு என்னும் செய்தி இருதிறத்தார்க்கும் எட்டியிருத்தல் வேண்டுமன்றோ? திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் கடல் கடந்தும் கூடித் தொழில் நடத்தினர். சுமத்திராத் தீவிலே பாரூஸ் என்னும் ஊரை அடுத்துக் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அதற்குச் சான்றாய் நிற்கின்றது. பவுல் அடியார் கொரிந்து நகரில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்பாருடன் தங்கிக் கூடாரத் தொழில் செய்தார் என அப்போஸ்தலர் நடபடிகளின் 18-ஆம் அதிகாரத்திற் படிக்கின்றோம். கூட்டுத்தொழில் பழமையானது, அதற்குரிய செய்திக் கருவியே காலந்தோறும் மாறி வருவது.

இக்காலத்தே அக்கருவி சமூக ஊடகம் என்னும் வடிவு கொண்டுள்ளது. தொழில் நிலையங்கள் தம் பணியாளர் கூடி உழைத்தற்பொருட்டு இதனை எங்ஙனம் பயன்படுத்துகின்றன என்று ஆராயும் துறையொன்று மேனாட்டுப் பல்கலைக்கழகங்களிலே தோன்றி வளர்ந்துள்ளது. தமிழ் பயிலும் மாணவனுக்கு இதிலே என்ன வேலை என நண்பர் சிலர் வினவினர். நம் அகப்பொருள் இலக்கணம் கூறும் ஒன்றே ஆங்குப் புதுப்பெயர் பூண்டு உலவுவதாக எனக்குத் தோன்றிற்று. அதனையும், பழனிமலைத் தொடரிலே யான் நேரிற் கண்டவற்றையும் சேர்த்து நோக்குதலே இக்கட்டுரையின் கருத்து.

முதற்கண் அறிஞர் கண்டவற்றைச் சுருங்கக் கூறுவேன். 2006-ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ மக்காஃபி என்னும் அமெரிக்கப் பேராசிரியர், பணியாளர் தாமே எழுதித் தாமே திருத்தித் தாமே தொடுக்கும் கருவிகள் அலுவலகங்களிற் புகுந்தமை கண்டு, அம்முறைக்கு ‘எண்டர்பிரைஸ் 2.0’ எனப் பெயரிட்டார். 2012-ஆம் ஆண்டில் ஜெஃப்ரி ட்ரீம், பால் லியோனார்டி என்னும் இருவர் அக்கருவிகளின் இயல்புகளை நான்காகப் பகுத்தனர். பேச்சு பிறர் கண்ணுக்குப் புலனாதல் ஒன்று. பேசியது அழியாது நிற்றல் ஒன்று. எழுதியதைத் திருத்துதற்கு இடமுண்மை ஒன்று. ஆளோடு ஆளும், ஆளோடு செய்தியும் தொடர்புறுதல் ஒன்று.

இவற்றுள் முதலாவதன் ஆற்றலை லியோனார்டி 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி நன்கு விளக்குகின்றது. பெரியதொரு நிதி நிறுவனத்தில் ஒரு பிரிவினர் இவ்வூடகத்தைப் பெற்றும், மற்றொரு பிரிவினர் பெறாதும் இருப்ப, ஆறு திங்கள் அவர்களை நோக்கினார். பெற்ற பிரிவினர், தம் அலுவலகத்தில் எவர்க்கு எது தெரியும் என்பதை அறிதலில் 31 விழுக்காடும், எவர்க்கு எவரைத் தெரியும் என்பதை அறிதலில் 88 விழுக்காடும் முன்னேறினர். பெறாத பிரிவினரிடம் அம்முன்னேற்றம் காணப்படவில்லை. அவ்வறிவை அவர்க்கு எவரும் கற்பித்திலர். இருவர் பேசிக்கொண்டதை மூன்றாமவர் காண நேர்ந்தது. அதனால் விளைந்தது அவ்வறிவு.

இங்கேதான் நம் இலக்கணம் நினைவிற்கு வருகின்றது. தொல்காப்பியர் செய்யுளுறுப்புக்களை எண்ணுமிடத்துக் கூற்று என்பதனோடு கேட்போர் என்பதனையும் ஓர் உறுப்பாக வைத்தார். சொல்வோன் ஒருவன் உளனாயின், கேட்போர் இன்னார் எனத் தெரிந்தாலன்றிச் சொல்லின் பொருள் நிரம்பாது என்பது அவர் கருத்துப் போலும். அகத்துறைகளிலே ‘சிறைப்புறம்’ என ஒன்றுண்டு. தலைவன் வேலிக்கு அப்பால் மறைந்து நிற்பான். தோழி தலைவியை நோக்கிப் பேசுவாள். சொல் செல்வது தலைவிக்கு. பயன் நாடுவதோ சிறைப்புறத்தானிடத்து. ஊரலர் மிகுந்தது, காவல் கடிதாயிற்று, இனி வரைந்து கொள்ளுதலே தக்கது என்பதை அவன் கேட்டுணர்ந்து செயற்படுவான். மேனாட்டறிஞர் மூன்றாமவர் காட்சி என்று கூறுவது இச்சிறைப்புறக் கேள்வியேயாகும். ஆயின் ஒரு வேறுபாடுண்டு. வேலிக்கப்பால் நிற்பவன் யாவன் என்பது தோழிக்குத் தெரியும். வாட்ஸ்அப் குழுவிற் பேசுவோர்க்கு அது தெரியுமா? இவ்வினாவே என்னை மலைமேல் அழைத்துச் சென்றது.

கொடைக்கானல் என்றவுடன் ஏரியும் தூண்பாறையும் மூடுபனியும் நம் நினைவிற்கு வரும். 1845-ஆம் ஆண்டில் மதுரை அமெரிக்க மிஷன் தொண்டர்கள் சமவெளியின் வெப்பத்திற்கும் நோய்க்கும் ஒதுங்கி அங்கு இல்லம் அமைத்தமையால், நம்போன்ற கல்லூரியினர்க்கு அவ்வூர் கேள்விப்பட்ட ஊரேயாகும். ஆயின் நகரைக் கடந்து மேற்கே செல்வார் வேறொரு கொடைக்கானலைக் காண்பர். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் முதலிய ஊர்களைச் சூழ்ந்து மலைச்சரிவெங்கும் படிக்கட்டு வயல்கள் பரந்து கிடக்கின்றன. உருளைக்கிழங்கும் காரட்டும் பீன்சும் பூண்டும் அங்கு விளைகின்றன. மலைப்பூண்டோ தனிச் சிறப்புடையது. ஆண்டிற்கு இருமுறை பயிராவது. காரமும் மணமும் மிக்கது. பக்குவமாக உலர்த்திக் கட்டித் தொங்கவிட்டால் ஓராண்டளவும் கெடாதது. 2019-ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. அதன்பொருட்டுக் கொடைக்கானலிலுள்ள அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தார் உழைத்தனர். மலையினின்று இறங்கும் பூண்டிற்குப் பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டி பெயர்பெற்ற சந்தையாகும்.

அம்மேற்குச் சிற்றூர்களுள் ஒன்றில் என் தாய்மாமன் பூண்டு பயிரிடுகின்றார். 2020-ஆம் ஆண்டில் ஊரடங்கினால் வண்டி கிடைத்தல் அரிதாயிற்று. அப்போது ஊரார் ஒரு வாட்ஸ்அப் குழு அமைத்தனர். எவர் வயலில் எத்தனை மூட்டை ஆயத்தமாயுள்ளது என்பதை எழுதி, நால்வர் ஐவர் சேர்ந்து ஒரு லாரியை வாடகைக்கு அமர்த்தினர். நோய்க்காலம் நீங்கியும் குழு நீங்கவில்லை. விடுமுறையில் யான் அங்குத் தங்கியிருந்தபோது, மாமன் இசைவு பெற்று அதன் செய்திகளைப் பல நாள் படித்தேன். இலையில் மஞ்சள் படர்ந்த பயிரின் படத்தை ஒருவர் இடுவார். அதற்கு மருந்து இன்னதென மற்றொருவர் உரைப்பார். அவ்விருவர் உரையாடலை வாய்திறவாது படித்த பிறர் தம் வயலைச் சென்று பார்ப்பர். விதைப்பூண்டு எவரிடம் உண்டு, மண்வளம் அறிந்தவர் எவர், வேளாண்மை அலுவலரை அறிந்தவர் எவர் என்பன யாவும் சில திங்களில் ஊர்முழுதும் தெரிந்த செய்திகளாயின. நிதி நிறுவனத்திற் கண்ட அதே பயன் மலையூரிலும் விளைந்தமை கண்டு வியந்தேன்.

பிறிதொன்றும் கண்டேன். சாவும் சடங்கும், கோயில் திருவிழாவும் மாதாகோயில் ஆராதனையும், தேர்வில் தேறிய பிள்ளையின் படமும் வாணிகச் செய்திகளுக்கிடையே கலந்தே வந்தன. ஸ்ரீராம் வெங்கட்ராமன் என்னும் அறிஞர் சென்னையை அடுத்த பகுதியொன்றிற்குப் பஞ்சக்கிராமி எனப் புனைபெயரிட்டு, பதினைந்து திங்கள் அங்கு ஆராய்ந்து, 2017-ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். தகவல் தொழில்நுட்பப் பணியாளர் நடுவே வீட்டையும் அலுவலகத்தையும் பிரிக்கும் எல்லை இவ்வூடகத்தாற் கரைதலை அந்நூல் எடுத்துரைக்கின்றது. மலையூரிலோ அவ்வெல்லை முன்னரே மெல்லியது. உறவே நம்பிக்கைக்கு அடிப்படை. நம்பிக்கையே வாணிகத்திற்கு அடிப்படை.

இனி, அக்குழுவினால் வந்த இடரைக் கூறுவேன். சென்ற அறுவடையில் மழை வருங்குறி கண்டு ஊரார் பலரும் ஒரே கிழமையிற் பூண்டு பிடுங்கினர். மூட்டைக் கணக்குக் குழுவில் வழக்கம்போல் எழுதப்பட்டது. சரக்குச் சமவெளியை அடைந்ததும், மண்டிக்காரர் ஒருவர் முந்தின கிழமையினும் மிகத் தாழ்ந்த விலை கூறினார். மாமன் மறுத்துப் பேசவே, உங்கள் ஊரினின்று இன்று இத்தனை மூட்டை வரும், இன்னாரிடம் இத்தனை என ஒன்றும் விடாது ஒப்பித்தார். அம்மண்டியின் கணக்குப்பிள்ளை அவ்வூர்ப் பெண்ணை மணந்தவர். உறவு முறையிற் குழுவில் இடம்பெற்றவர். அவர் செய்தது வஞ்சகம் என்று சொல்லுதற்கில்லை. எழுதியதைப் படித்தார், அவ்வளவே. மாமன் வீடு திரும்பி, “மாப்பிள்ளை, சந்தையிலே பேச வேண்டியதை நாங்கள் வீட்டிலிருந்தே பேசிவிட்டோம், சந்தைக்கு மூட்டை மட்டும் போயிற்று” என்றார்.

கணக்குப்பிள்ளையை நீக்கி வேறொரு குழு அமைத்தனர். அதில் மூட்டைக் கணக்கு எழுதுவார் இலராயினர். எவர் எவர்க்கு உரைப்பாரோ என்னும் ஐயம் புகுந்தது. ஐயம் புகவே வண்டியைப் பகிர்ந்து அமர்த்தும் வழக்கமும் குன்றிற்று. வேலியை உயர்த்தியவழிச் சிறைப்புறத்தானோடு தோழியும் பேச்சொழிந்தாள்.

இந்நிலைக்குக் காரணம் ஊடகம் மட்டுமா? கேரளக் கடற்கரை ஆராய்ச்சி இதற்கு ஒளி தருகின்றது. 1997 ஜனவரி 14 அன்று காலை, வடகரையில் மீனவர் பதினொருவர் கொள்வாரின்றி மீனைக் கொட்ட நேர்ந்தது. அதே வேளையில் 15 கிலோமீட்டர் எல்லைக்குள் இருந்த சந்தைகளில், கொள்வோர் 27 பேர் மீன் கிடையாது திரும்பினர். அவ்வாண்டு முதல் அக்கடற்கரையிற் கைப்பேசி பரவியது. மீனவர் கடலிலிருந்தே விலை கேட்டுக் கரை தெரிந்து ஒதுங்கலாயினர். வீணாதல் ஒழிந்தது, மீனவர் ஊதியம் 8 விழுக்காடு உயர்ந்தது, மீனின் விலை 4 விழுக்காடு குறைந்தது. ராபர்ட் ஜென்சன் என்பார் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட இவ்வாராய்ச்சி உலகெங்கும் புகழ்பெற்றது. பின்னர் 2013-ஆம் ஆண்டில் ஜானகி சீனிவாசன், ஜென்னா பரல் என்னும் இருவர் அம்மீனவரை மீண்டும் ஆராய்ந்தனர். விலையை அறிதல் ஒன்றே போதாது. கடனும் முன்பணமும் மீனவனை ஒரு தரகனோடு பிணித்திருப்பின், அறிந்த விலையை நாடிச் செல்ல அவனுக்கு இயலாது என்னும் உண்மை அத்தகைய ஆராய்ச்சிகளால் விளங்கிற்று.

மாமன் ஊரிலும் அதுவே உண்மை. விதைப்பூண்டிற்கும் உரத்திற்கும் முன்பணம் தந்தவர் அம்மண்டிக்காரரே. இதனை முதலில் எனக்கு உணர்த்தியவர் என் அத்தை. அவர்க்குக் கைப்பேசி இல்லை. ஆகவே குழுவில் அவர் பெயரும் இல்லை. ஆனால் பூண்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தே, இது அடுத்த விதைப்பு வரை நிற்கும், இது நில்லாது எனப் பிரிக்க வல்லவர் அவர். அவருடன் இருந்து தரம் பிரிக்கும் கூலிப் பெண்டிர் பலரும் அவ்வாற்றல் உடையவரே. “பாதியைப் பரணிலே கட்டித் தொங்கவிட்டால் ஆறு மாசம் இருக்குமே, இந்த வாரமே விற்றாக வேண்டும் என்று யார் சொன்னது?” என்று அத்தை கேட்டார். முன்பணம் சொன்னது என்பதே விடை. ஓராண்டு கெடாத பண்டத்தை உடையவர், ஒரு நாளிற் கெடும் மீனை உடையவரைப் போல் விற்க நேர்ந்தது. எவர்க்கு எது தெரியும் என்பதைக் குழு அறியும் என மேலே வியந்தேன். அத்தைக்குத் தெரிந்ததை அக்குழு அறியவில்லை.

ஆதலின் இத்துறையில் ஆராயப் புகுவோர் ஊடகம் நன்றா தீதா என்று வினவுதலை விடுத்து, மூன்று வினாக்களை எழுப்புதல் தக்கது என்பது என் துணிபு. சிறைப்புறத்தே நிற்பவர் யாவர்? கண்டதைக்கொண்டு செயற்படும் உரிமை எவர்க்கு உண்டு? வேலியின் இப்புறத்தே இருந்தும் குரல் கேளாதவர் யாவர்? ஒரே நிறுவனத்தில் ஊதியம் பெறுவோர் நடுவே முதலிரு வினாக்கள் பெரிதாய்த் தோன்றாமற் போகலாம். விளைப்போனும் கொள்வோனும் ஒரு குழுவில் அமரும் மலைநாட்டிலோ அவை வாழ்வையே தொடுவன.

விடையும் முற்றிலும் புதியதன்று. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் தோன்றிய 1904-ஆம் ஆண்டிலேயே, திருவள்ளூரை அடுத்த திரூரில் உழவர்க்குரிய கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. கடன் ஊரார் கையிலே இருக்குமாயின், கணக்குப்பிள்ளை குழுவில் இருந்தாலும் கேடில்லை. மூட்டைக் கணக்கை அவர் படித்து, இவ்வூரார் இப்போது விற்கமாட்டார் என்பதையும் உடன் அறிவார். சிறைப்புறத்தான் கேட்டல் அப்போது பேசுவோர்க்கே பயன்படும். மாமனும் அண்டை வீட்டார் மூவரும் அடுத்த விதைப்பிற்கு முன்பணம் கொள்ளாது, சங்கத்திற் கடன் கேட்டு எழுதியுள்ளனர். இன்னும் விடை வந்திலது. பரணில் எவ்வளவு நிறுத்தலாம் என்பதை அத்தையே கணக்கிட்டுத் தந்தார்.

நம் கல்லூரியின் வணிகவியல் மாணவரும் தமிழ் மாணவரும் வரும் கோடை விடுமுறையிற் சேர்ந்து அம்மலையூர்களுக்குச் செல்வாராயின், அவர் கணக்கை நோக்கட்டும். யாம் கூற்றையும் கேட்போரையும் நோக்குவோம். தரம் பிரிக்கும் பெண்டிர் திண்ணையில் கூடுகின்றனர். அங்கிருந்து தொடங்குதல் நன்று.