உருண்டோடும் வீட்டுக்கு ஒரு மின்கலம்

(இரண்டாம் ஆண்டு மாணவி, இளம் அறிவியல் – வேதியியல்)

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் 'மோட்டார் ஹோம்' என்றொரு வாகனம் உண்டு. படுக்கை, சமையல் மேடை, குளியலறை யாவும் ஒரே வண்டிக்குள் அமைந்திருக்கும். ஓய்வு பெற்ற தம்பதியர் அதில் ஏறிக்கொண்டு, மின்கம்பி எட்டாத மலையடிவாரத்திலும் பாலைவனத்திலும் மாதக்கணக்கில் தங்குவார்களாம். அவர்களில் பலர் இப்போது தங்களுக்கு வேண்டிய மின்சாரத்தை லித்தியம் பாட்டரியில் சேமித்து வைத்துக்கொள்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குப் பெரிய வியப்பு உண்டாகவில்லை. அத்தகைய வீடுகள் எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கத்தில் ஏராளம். என் தகப்பனார் ஆண்டில் ஒன்பது மாதம் அப்படி ஒரு வீட்டில்தான் குடியிருக்கிறார். அதன் பெயர் ரிக் லாரி. உல்லாசப் பயணம் ஒன்றுதான் அதில் கிடையாது.

ஆழ்துளைக் கிணறு தோண்ட எங்கள் வட்டாரத்து வண்டிகள் இந்தியாவெங்கும் போகின்றன என்பது நண்பர்கள் அறிந்ததே. துளையிடும் லாரி ஒன்று. ராடுகள், டீசல், அரிசி மூட்டை, பாத்திரம், பாய் எல்லாம் ஏற்றிய சப்போர்ட் லாரி மற்றொன்று. டிரில்லர், டிரைவர், ஹெல்பர், சமையல்காரர் என்று அப்பாவின் வண்டியில் ஒன்பது பேர். தண்ணீர் இல்லாத ஊரைத் தேடிப் போவதே தொழில் ஆகையால், அவர்கள் தங்கும் இடத்தில் பெரும்பாலும் மின்சாரமும் இருப்பதில்லை. இரவில் விளக்கு, காற்றாடி, கைபேசிக்கு மின்னேற்றம் ஆகிய மூன்றையும் லாரியின் ஸ்டார்ட்டிங் பாட்டரியிலிருந்தே உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

சென்ற வைகாசியில் மத்தியப் பிரதேசத்தில் ஒரு காட்டோரம் அந்தப் பாட்டரி அடியோடு இறங்கிவிட்டது. காலையில் வண்டி கிளம்பவில்லை. ஐந்து கிலோமீட்டர் நடந்துபோய் டிராக்டர் கொண்டுவந்து இழுத்தார்களாம். அன்று இரவு அப்பா தொலைபேசியில் அழைத்தார்.

"அம்மிணி, காலேசுல நீ படிக்கறது இந்தக் கரண்டு சமாச்சாரந்தானே?"

"இல்லீங்கப்பா, கெமிஸ்ட்ரி."

"பாட்டரிக்குள்ளார இருக்கறது ஆசிட்டுதானே? அது கெமிஸ்ட்ரி இல்லாம என்ன?"

ஐந்தாம் வகுப்போடு நின்றவர் சொன்னது முற்றிலும் சரி. மின்வேதியியலில் நான் டேனியல் மின்கலத்தைப் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த ஒருத்தியின் படிப்புக்கு அன்றுதான் ஒரு வேலை வந்தது.

ஆடி மாதம் வடக்கே மழை பிடித்ததும் வண்டி பழுதுபார்க்க ஊர் திரும்பியது. முதலாளி நல்லவர்தான், கணக்கும் தெரிந்தவர். "ரெண்டு டியூபுலர் பாட்டரிக்கு ஆகற 31 ஆயிரத்தை நான் குடுத்தர்றேன். அதுக்கு மேல ஆசைப்பட்டா உங்க பாடு" என்றார். லித்தியம் பாட்டரி, அதற்கான சார்ஜர், மீட்டர், கம்பி எல்லாம் சேர்த்து 58 ஆயிரம் என்று கடையில் விலை சொன்னார்கள். மீதி 27 ஆயிரம். ஆளுக்கு 3 ஆயிரம். அந்த ஒன்பது பேரில் ஜார்க்கண்டிலிருந்து வந்த இரண்டு இளைஞர்களும் உண்டு. சம்பளத்தில் டீச்செலவு போக மற்றதை வீட்டுக்கு அனுப்புகிறவர்கள். "டிரைவரோட பொண்ணு படிச்ச பொண்ணு, அது சொன்னாச் சரி" என்று அவர்களும் தலையாட்டிவிட்டார்களாம். இதைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தேர்வில் தோற்றால் நஷ்டம் எனக்கு மட்டும். இது ஒன்பது பேரின் பணம்.

முதலில் எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று பார்த்தேன். 25 வாட் காற்றாடி மூன்று, இரவில் 9 மணி நேரம்: 675 வாட்-மணி. 9 வாட் விளக்கு நான்கு, 5 மணி நேரம்: 180. ஒன்பது கைபேசிக்கு 135. தேங்காய் அரைக்க மிக்சி பத்து நிமிடம் ஓடினால் 80-க்குச் சற்று மேல். வழியில் வீணாவதையும் சேர்த்து நாளொன்றுக்கு 1200 வாட்-மணி என்று வைத்துக்கொண்டேன். அப்பா இந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "சமையக்காரன் தெனமும் சட்னி அரைக்கறான்னு யார் சொன்னது?" என்று கேட்டார். இருந்தும் மிக்சியை நான் கணக்கிலிருந்து எடுக்கவில்லை.

150 ஆம்பியர்-மணி டியூபுலர் பாட்டரி இரண்டைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட், 3600 வாட்-மணி. ஆனால் ஈய-அமிலப் பாட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் விரைவில் குறையும். ஆகவே கைக்கு வருவது 1800. லித்தியம் பாட்டரி 25.6 வோல்ட், 100 ஆம்பியர்-மணி, 2560 வாட்-மணி. நூற்றுக்கு எண்பது எடுத்தாலும் 2000-க்கு மேல் கிடைக்கும். எடையிலோ முன்னவை இரண்டும் சேர்ந்து 100 கிலோவைத் தாண்டும். பின்னது 25 கிலோ சுமார்.

எனினும் என் மனத்தை முடிவு செய்தது இந்த எண்கள் அல்ல. சப்போர்ட் லாரியின் எஞ்சின் நாளொன்றுக்கு இரண்டு மூன்று மணி நேரமே ஓடுகிறது. ஈய-அமிலப் பாட்டரி முக்கால் பங்கு நிறையும் வரை வேகமாக வாங்கிக்கொள்ளும்; கடைசிக் கால் பங்குக்கு மணிக்கணக்கில் அடம் பிடிக்கும். நாள்தோறும் அரைகுறையாக நிரம்பிய நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்து, ஒருநாள் பாட்டரி கல்லாகிவிடும். லித்தியத்துக்கு இந்தக் குறை இல்லை. அரைவயிற்றோடு கிடப்பது அதற்குப் பிடித்தமான நிலை என்றே சொல்லலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை அப்பாதான் சொன்னார். பழைய பாட்டரிகளுக்கு ஊற்ற வாலைவடிநீர் காட்டோரக் கிராமங்களில் கிடைக்காமல், தாங்களே தோண்டிய போர்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள்! அந்த உப்புத் தண்ணீர் தகடுகளைத் தின்றுவிட்டது. ஊருக்கெல்லாம் தண்ணீர் காட்டுகிறவர்களுக்குப் பாட்டரிக்கு ஊற்ற ஒரு புட்டித் தண்ணீர் இல்லை. லித்தியம் பாட்டரி தண்ணீர் கேட்பதில்லை.

நிற்க. லித்தியம் என்றதும் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்று: "அது வெடிக்குமாமே?" 2022ஆம் ஆண்டில் மின் ஸ்கூட்டர்கள் தீப்பற்றிய செய்திகளை யார் மறப்பார்? டீசல் பீப்பாய்க்குப் பக்கத்தில் ஒன்பது பேர் படுத்துறங்கும் வண்டி அது. அம்மா இதைக் கேட்டபோது நான் சமாதானம் சொல்லாமல் புத்தகத்தை எடுத்தேன்.

லித்தியம் பாட்டரி என்பது ஒரே பொருள் அன்று. ஒரு குடும்பப் பெயர். அதில் நேர்மின்முனையாக எந்தச் சேர்மம் இருக்கிறது என்பதே கேள்வி. கோபால்ட் ஆக்சைடு வகையில், சூடு எல்லை மீறினால் ஆக்சிஜன் விடுபடும். எரிபொருளும் உள்ளேயே, ஆக்சிஜனும் உள்ளேயே என்றால் தீயை அணைப்பது எப்படி? லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் ஆக்சிஜன் அணுக்கள் பாஸ்பரசோடு வலுவான பிணைப்பில் கட்டுண்டிருக்கின்றன; எளிதில் பிரியா. கோபால்ட் வகை 150 டிகிரிக்கு அருகிலேயே நிலைகுலையக்கூடும். இரும்பு பாஸ்பேட் வகை 250 டிகிரியையும் தாண்டித் தாக்குப்பிடிக்கும். எரியவே எரியாது என்பதல்ல. எரிய மிகவும் தயங்கும். ஸ்கூட்டருக்கும் கைபேசிக்கும் எடை குறைவு முக்கியம். ஏழெட்டு டன் இரும்பு சுமக்கும் லாரிக்கு நாலு கிலோ கூடினால் என்ன?

இந்தச் சேர்மத்தை 1997-ல் உலகுக்கு அறிவித்த ஆய்வுக் கட்டுரையில் மூன்று பெயர்கள்: பாதி, நஞ்சுண்டசாமி, குட்இனஃப். முதல் இரண்டும் நம் நாட்டுப் பெயர்கள். மூன்றாமவரான ஜான் குட்இனஃப் அப்போது எழுபது வயதைக் கடந்தவர். 2019-ல் நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 97. 2023-ல் நூறு வயது நிறைந்து மறைந்தார். பரிசு கிடைத்ததை எல்லோரும் சொல்கிறார்கள். கட்டுரையின் முதல் பெயரை யாரும் சொல்வதில்லை என்று எனக்கு ஒரு சிறு மனக்குறை. காரைக்குடியில் 1948-லேயே மின்வேதியியலுக்கென்று ஆராய்ச்சி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டிய மாநிலம் நம்முடையது. நாமோ இன்றும் கடைக்காரர் சொல்லும் வாரண்டியை நம்பியே பாட்டரி வாங்குகிறோம்.

அதனால் சோதித்தே வாங்குவது என்று தீர்மானித்தேன். மின்வாகனங்களிலிருந்து கழித்த பழைய செல்களுக்குப் புதிய உறை மாட்டி '100' என்று எழுதி விற்பது நடக்கிறது. முதலில் போன கடையில் சோதனை என்றதுமே, "பாப்பா, இதென்ன தக்காளியா, அமுக்கிப் பார்த்து வாங்க?" என்று சிரித்தார்கள். இரண்டாவது கடைக்காரர் வயதானவர். கடையும் வீடும் அவருக்கு ஒன்றுதான். "செஞ்சு பாரு அம்மிணி, எனக்கும் தெரிஞ்ச மாதிரி ஆச்சு" என்றார்.

நிறைய மின்னேற்றிய பாட்டரியில் 24 வோல்ட் லாரி முகப்பு விளக்குகள் இரண்டை இணைத்தோம். இயற்பியல் துறை ஆய்வகத்தில் இரவல் வாங்கிய மீட்டர் 6 ஆம்பியர் காட்டியது. எழுதியிருக்கும் 100 உண்மையானால் 16 மணி நேரம் 40 நிமிடம் எரிய வேண்டும். காலை 5.30-க்கு ஏற்றினோம். அம்மா துணைக்கு வந்து, கடை வாசலில் அமர்ந்து முறத்தில் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கு அப்பா சாப்பாடு கொண்டுவந்தார். மாலையில் முதலாளி வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். இரவு 8 மணிக்கு மேல் என் கண்கள் விளக்கை விட்டு அகலவில்லை. ஈய-அமிலப் பாட்டரி என்றால் விளக்கு மங்கி மங்கி முன்னறிவிப்புத் தரும். இதுவோ கடைசி வரை ஒரே பிரகாசம். இரவு 9.50-க்குச் சட்டென்று இருண்டது. 16 மணி 20 நிமிடம், 98 ஆம்பியர்-மணி. கடைக்காரர் எழுந்து கைகுலுக்கினார். அம்மாவுக்குக் கணக்கு புரியவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மற்றவை விரைவாக முடிந்தன. லாரியின் ஆல்டர்னேட்டரிலிருந்து நேரே இணைத்தால் லித்தியம் அளவுக்கு மீறி இழுத்து அதைச் சூடாக்கிவிடும். ஆகவே இடையில் 20 ஆம்பியருக்கு மேல் விடாத சார்ஜர் ஒன்று. இரண்டரை மணி நேர ஓட்டம் ஒருநாள் தேவையை ஈடுகட்டும். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ். டீசல் பீப்பாய்க்கு எதிர்ப்பக்கத்தில், கேபினுக்குப் பின்னே நிழலான இடத்தில், அதிர்ச்சி தாங்கப் பழைய டயர் ரப்பரை அடியில் போட்டு இரும்புப் பட்டையால் இறுக்கினோம். சூரிய ஒளித் தகடு வேண்டாம் என்றேன். துளையிடும்போது எழும் கல்மாவு அரைமணியில் அதை மூடிவிடும். இதில் முதலாளிக்குச் சற்று வருத்தம். கூரைமேல் தகடு மின்னினால் வண்டிக்கு ஒரு கௌரவம் என்று நினைத்திருந்தார் போலும்.

மீட்டர்தான் அப்பாவுக்குக் கடினமாக இருக்கும் என்று அஞ்சினேன். லித்தியத்தின் வோல்ட்டேஜ் கடைசி வரை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பதால், உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணிக் கழிக்கும் மீட்டர் வேண்டும். நான் விளக்கத் தொடங்குவதற்குள், "டீசல் டேங்குல குச்சி உட்டுப் பார்க்கற மாதிரி, அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவுதான்.

ஆவணியில் வண்டி ராஜஸ்தானுக்குப் போயிற்று. நாள்தோறும் இரவு படுக்குமுன் அப்பா ஓர் எண்ணை மட்டும் அனுப்புவார்: 71, 64, 80. அதைத் தேதியிட்டு நோட்டில் எழுதி வருகிறேன். மார்கழியில் ஒரு வாரம் எண் ஏறவே இல்லை. சுழியத்துக்குக் கீழே குளிர்ந்தால் இந்த வகைப் பாட்டரிக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து கெடுதல் உண்டாகும். அதனால் காவல் சுற்று மின்னேற்றத்தை நிறுத்திவிடும். விடியற்காலையில் வண்டி ஓட்டியது வீணாகியிருந்தது. பாட்டரிப் பெட்டியைச் சாக்கால் சுற்றி, வெயில் ஏறிய பிறகு வண்டியை எடுக்கச் சொன்னேன், சரியாயிற்று.

இனிக் கோடை. அந்த மாநிலத்துச் சூருவில் 2024 மே மாதம் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டியது. பெட்டிக்குக் காற்று வர இரு பக்கமும் துளை போடச் சொல்லியிருக்கிறேன். முதலாளியின் இரண்டாவது வண்டிக்காரர்கள் தங்களுக்கும் ஒன்று பார்த்துத் தரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுக்குக் குளிர்சாதனப் பெட்டியும் வேண்டுமாம், மீன் வைக்க. கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.