நிலக்கரி நகரில் சைக்கிள் சவாரி

விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் மார்க்கமாகத் தஞ்சாவூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பண்ருட்டியைத் தாண்டிவிட்டால், செம்மண் பூமியும் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் கண்ணுக்கு விருந்தளிக்கும். அந்த வழியில், வடலூருக்குச் சற்று முன்னால் இருக்கிறது நெய்வேலி. வடலூர் என்றதும் வள்ளலார் 1872-ல் நிறுவிய சத்திய ஞான சபை நினைவுக்கு வருவதுபோல, நெய்வேலி என்றதும் பழுப்பு நிலக்கரியும் மின்சாரமும் நினைவுக்கு வருகின்றன. அங்கே போகிறவர்கள் சுரங்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு, நடராஜப் பெருமானைத் தரிசித்துவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடுவது வழக்கம். நாமும் அவ்விரண்டையும் பார்த்தோம். ஆனால் இங்கே எழுதப் போவது அவற்றைப் பற்றி அல்ல. அந்நகரத்துச் சாலைகளைப் பற்றியும், அவற்றில் ஓடுகிற, இன்னும் அதிகமாக ஓட வேண்டிய, சைக்கிளைப் பற்றியும்தான்.

"சைக்கிளைப் பற்றி எழுதுவதற்கா நெய்வேலி வரையில் போனீர்கள்?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிலை அறிந்துகொள்ளச் சற்று எங்களோடு சுற்றி வாருங்கள்.

கட்டங்கட்டமாக ஒரு நகரம்

நம் தேசத்து ஊர்களில் பெரும்பாலானவை தாமாக முளைத்தவை. கோயிலைச் சுற்றி நான்கு வீதிகள், அவற்றைச் சுற்றிச் சந்துகள் என்று நூற்றாண்டுக் கணக்கில் வளர்ந்தவை. நெய்வேலி அப்படியல்ல. அது காகிதத்தில் கோடு போட்டுக் கட்டிய ஊர். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருள் ஒன்று வெளிவந்தது. அதிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சி, 1956 நவம்பர் 14-ந் தேதி நெய்வேலி லிக்னைட் கார்ப்பொரேஷன் என்னும் ஸ்தாபனமாக உருவெடுத்தது. 1957 மே 20-ல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரி கண்ணுக்குத் தென்பட்டது. 1962-ல் மின்சாரம் பிறந்தது.

சுரங்கத்தில் உழைக்க வந்தவர்களுக்காக எழுந்ததுதான் இந்த நகரியம். ஊரைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 'வட்டம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சதுரத்துக்கு வட்டம் என்று பெயர் சூட்டிய புண்ணியவான் யாரோ, தெரியவில்லை! "நான் பதினெட்டாம் வட்டம், அவர் ஐந்தாம் வட்டம்" என்றுதான் இவ்வூர்க்காரர்கள் தம்மை அறிமுகம் செய்துகொள்கிறார்கள். வட்டத்துக்குள் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் ஓடுகின்றன. வட்டங்களுக்கு இடையே அகலமான சாலைகள். சாலையின் இருமருங்கிலும் ஓங்கி வளர்ந்த நிழல் மரங்கள். பள்ளிக்கூடம், கடைவீதி, ஆஸ்பத்திரி, விளையாட்டு மைதானம் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இல்லாவிட்டாலும், மிதிக்கிற தூரத்தில் இருக்கின்றன. நெடுஞ்சாலை லாரிகள் ஊருக்குள் நுழைய வேண்டிய அவசியமே இல்லை. ஆர்ச் கேட் என்னும் நுழைவாயிலுக்கு வெளியிலேயே தம் வழியில் போய்விடுகின்றன.

நாங்கள் ஒரு நண்பர் இல்லத்தில் நான்கு நாள் தங்கினோம். அவர் வீட்டுத் திண்ணையில் சாத்திக் கிடந்த பழைய சைக்கிளுக்குக் காற்றடித்து, சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, விடியற்காலையில் புறப்பட்டோம். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. காலுக்கு வேலை கொடுப்பதே தெரியாமல் சக்கரங்கள் உருண்டன. ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் செல்ல அரை மணி நேரத்துக்கு மேல் ஆகவில்லை. சைக்கிளுக்காகவே ஓர் ஊரைக் கட்டு என்று விசுவகர்மாவுக்கு உத்தரவு போட்டாலும், இதைவிடப் பொருத்தமாக அவர் கட்டியிருக்க மாட்டார் என்று எங்களுக்குத் தோன்றியது.

சங்கு ஊதிய காலம்

கடைவீதித் தேநீர்க் கடையில், சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரைச் சந்தித்தோம். நாங்கள் சைக்கிளில் வந்ததைப் பார்த்தவுடன் அவர் முகம் மலர்ந்தது.

"அந்தக் காலத்தில் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் நீங்கள் வந்து பார்த்திருக்க வேண்டும், ஐயா! சங்கு ஊதினதும் சாலை முழுவதும் சைக்கிள்தான். கேரியரில் சாப்பாட்டுத் தூக்கு, ஹேண்டில்பாரில் தொப்பி. ராத்திரி ஷிப்ட் என்றால் டைனமோ விளக்குகள் கார்த்திகை தீபம் மாதிரி வரிசையாகப் போகும். மணிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது" என்றார்.

"இப்போது?" என்று கேட்டோம்.

அவர் பதில் சொல்லவில்லை. கடை வாசலைக் காட்டினார். அங்கே ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளுமாகப் பத்துப் பன்னிரண்டு நின்றன. எங்கள் சைக்கிள் ஒன்றுதான் மிதிவண்டி ஜாதியைச் சேர்ந்தது.

இதில் நெய்வேலியை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. தமிழ்நாடு முழுவதிலும் இதே கதைதான். குரங்குப் பெடல் போட்டு, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, வாடகைக் கடைச் சைக்கிளில் ஓட்டக் கற்றுக்கொண்ட தலைமுறை கையில் காசு சேர்ந்ததும் மோட்டாருக்கு மாறிவிட்டது. அது முன்னேற்றத்தின் அடையாளம் என்று எல்லோரும் கருதினார்கள்.

ஆனால் நண்பர் வீட்டில் நடந்த ஒரு சம்பாஷணை எங்களைச் சிந்திக்க வைத்தது. அவருடைய குமாரிக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடம் ஒன்றரை மைல்கூட இராது. இருந்தும் தகப்பனார் தினந்தோறும் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டு, மாலையில் திரும்ப அழைத்து வருகிறார். "குழந்தையைச் சைக்கிளில் அனுப்பலாமே?" என்றோம். "அனுப்ப எனக்கு ஆசைதான், அண்ணா. ஆனால் பள்ளிக்கூட நேரத்தில் வண்டிகள் பறக்கிற பறப்பைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறதே!" என்றார் நண்பரின் மனைவி.

மறுநாள் காலை அந்தப் பள்ளிக்கூட வாசலுக்குப் போய் நின்று பார்த்தோம். பறந்து வந்த வண்டிகளில் பெரும்பாலானவை குழந்தைகளைக் கொண்டுவந்து விடும் தகப்பனார்களுடையவையே! மோட்டாருக்குப் பயந்து ஒவ்வொருவரும் மோட்டாரில் வருகிறார்கள். அப்படி வருவதனாலேயே பயம் வளர்கிறது.

ஒல்லாந்தர் கண்ட வழி

இதே சிக்கலில் மாட்டிக்கொண்டு மீண்ட ஒரு தேசம் உண்டு. இன்று சைக்கிள் ராஜ்யம் என்று புகழ்பெற்ற ஹாலந்து எப்பொழுதும் அப்படியே இருந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு செல்வம் பெருகப் பெருக, அங்கும் ஜனங்கள் சைக்கிளை மூலையில் போட்டுவிட்டுக் கார் வாங்கினார்கள். வாய்க்கால்களைத் தூர்த்துச் சாலை போட்டார்கள். பலன்? 1971-ம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துக்களில் சுமார் 3,300 பேர் மாண்டார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள்.

பெற்றோர்கள் பொங்கி எழுந்தார்கள். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்பதே அவர்கள் தொடங்கிய இயக்கத்தின் பெயர். தெருக்களை மறித்தார்கள், குழந்தைகளை அங்கே விளையாட விட்டார்கள். அதே சமயத்தில், 1973-ல், அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. அவ்வாண்டு நவம்பர் 4-ந் தேதி ஹாலந்தில் கார் ஓடாத முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஜனங்கள் வெறிச்சோடிய ராஜபாட்டைகளில் சைக்கிளிலும் காலுருளைகளிலும் உல்லாசமாகச் சென்றார்கள். மோட்டார் இல்லாத நகரம் எப்படி இருக்கும் என்பதைக் கண்ணால் கண்டுவிட்டவர்களுக்கு வேறு பிரசாரம் தேவைப்படவில்லை.

1977-ல் க்ரோனிங்கன் நகரசபை ஒரு துணிச்சலான காரியம் செய்தது. நகரின் மையப் பகுதியை நான்காகப் பிரித்தது. ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குக் காரில் போக வேண்டுமானால் வெளிவட்டச் சாலைக்குப் போய்த்தான் நுழைய வேண்டும்; சைக்கிளிலோ நேராகப் போய்விடலாம். கடைக்காரர்கள் கூச்சலிட்டார்கள்; திட்டமோ நிலைத்தது. ஹௌட்டன் என்னும் புதிய ஊரையோ ஆரம்பத்திலிருந்தே அந்த முறையில் கட்டினார்கள். இன்று அந்தத் தேசத்தில் ஜனத்தொகையைவிடச் சைக்கிள் தொகை அதிகம். 2024 வரையில் பிரதமராயிருந்த மார்க் ருட்டே தம் ஆபீசுக்குச் சைக்கிளில் போவதை உலகமே பார்த்தது. அதனால் அவருடைய கௌரவத்துக்கு யாதொரு குறைவும் நேர்ந்ததாகத் தெரியவில்லை!

நம் வீட்டுச் சரித்திரம்

சீமையைப் பார்த்துத்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் எழுத்தறிவோடு சைக்கிள் சவாரியையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்பிக்க ஏற்பாடு செய்தார்கள். கல் குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், ஆசிரியைகள், நர்ஸுகள் என்று லக்ஷக்கணக்கில் பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். பஸ்ஸுக்காகவும் புருஷனுக்காகவும் காத்திருந்த காலம் போயிற்று. இடுப்பில் குடமும், கேரியரில் குழந்தையுமாகப் போன அந்தப் பெண்களுக்குச் சைக்கிள் என்பது சுதந்திரத்தின் மறுபெயராக இருந்தது. பிற்பாடு தமிழ்நாடு சர்க்கார் பள்ளி மாணவ மாணவிகளுக்கு இலவசமாகச் சைக்கிள் வழங்கத் தொடங்கியது. இன்றும் கிராமத்துச் சாலைகளில் ஜடை பின்னிய பெண்கள் கூட்டங்கூட்டமாக மிதித்துச் செல்வதைக் காணலாம்.

சுதேசி உணர்ச்சியுள்ளவர்கள் இன்னொன்றையும் யோசிக்கலாம். நம் தேசம் உபயோகிக்கும் கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அந்நிய நாடுகளிலிருந்து வருகிறது. சைக்கிளோ அம்பத்தூரிலும் லூதியானாவிலும் நம்மவர் கையால் உருவாகிறது. அதற்கு வேண்டிய எரிபொருள் காலையில் சாப்பிடும் இட்லிதான்.

"மின்சார ஸ்கூட்டர் வந்துவிட்டதே, அதில் புகையே இல்லையே!" என்று சிலர் சொல்வார்கள். மற்ற ஊர்களில் அப்படிச் சொல்லலாம். நெய்வேலியில் சொல்ல முடியாது. மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அனல் நிலையத்துப் புகைபோக்கிகள் சாட்சியாக நிற்கின்றன. ஐம்பது மீட்டருக்குமேல் மண்ணை வெட்டி எடுத்தபிறகே அந்த நிலக்கரி கிடைக்கிறது. அந்த மண் ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய கழனி. 2023-ல் வளையமாதேவியில் கதிர் வரும் பயிரோடு நிலத்தை வெட்டியபோது எழுந்த கூக்குரல் இன்னும் நம் காதில் ஒலிக்கிறது. நகரத்தில் நாம் விசையைத் தட்டும்போதெல்லாம் ஒரு பிடி மண் எங்கோ பெயர்கிறது. அதை அத்தியாவசியமான காரியங்களுக்குச் செலவிடுவோம். ஒன்றரை மைல் போவதற்கு வேண்டாமே!

வெயில் கொடிது என்பார்கள். உண்மைதான். நடுப்பகலில், சித்திரை மாதத்தில், சைக்கிள் மிதிக்கும்படி யாரையும் நாம் வற்புறுத்தவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துக்கும் கடைவீதிக்கும் போகிற நேரம் காலையும் மாலையும் அல்லவா? நெய்வேலியின் மரங்கள் விரிக்கும் நிழலில் அந்நேரத்து வெயில் உறைப்பதேயில்லை. ஹாலந்துக்காரர்கள் பனியிலும் மழையிலும் மிதிக்கிறார்கள்.

நெய்வேலிக்கு வேண்டியது பெரிய செலவல்ல. வட்டங்களுக்கு இடையேயுள்ள அகலமான சாலையில் மர நிழலை ஒட்டி ஒரு பாதையைச் சைக்கிளுக்கென்று ஒதுக்கலாம். பள்ளி தொடங்கும் போதும் விடும் போதும் அரை மணி நேரம் வாசல் தெருவில் மோட்டார்களை விலக்கி வைக்கலாம். கடைவீதியில் சைக்கிள் நிறுத்த நிழலான கொட்டகை ஒன்று போடலாம். சீமையில் பழைய நகரங்களை இடித்தும் மாற்றியும் செய்த காரியத்தை, இங்கே சுண்ணாம்புக் கோடு கிழித்தே செய்துவிடலாம்.

நாங்கள் புறப்படுவதற்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. நண்பர் தம் குமாரியை அழைத்து, "சைக்கிளை எடு அம்மா, பார்க்கலாம்" என்றார். தகப்பனார் முன்னாலும் மகள் பின்னாலுமாக இருவரும் கடைவீதிக்குப் போய்க் கறிகாய் வாங்கி வந்தார்கள். போகும்போது பத்து நிமிஷம், வரும்போது ஏழு நிமிஷம் என்று அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாள். பள்ளிக்கூடத்துக்கு எப்போது என்று தாயாரைக் கேட்டாள். தாயார் இன்னும் முடிவு சொல்லவில்லை. அவர் துணிந்து 'சரி' என்று சொல்லக்கூடிய சாலையை அமைத்துத் தருவது ஊர்ப் பெரியவர்களின் பொறுப்பு.