காணாமல் போன சுற்று

கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் கிளப் பந்தயம் என்றால், பார்க்க வருகிறவர்கள் வளைவோரமாக இடம் பிடிப்பார்கள். நான் கேட்டு வாங்கியது டைமிங் அறையில் ஒரு மூலை. உள்ளே இரண்டு மேசை, ஒரு லேப்டாப், டீகோடர் என்கிற சின்னப் பெட்டி, கரண்ட் போனால் தாங்க ஒரு யுபிஎஸ். ஜன்னலுக்கு நேர் எதிரே ஸ்டார்ட்–ஃபினிஷ் கோடு. 2.1 கி.மீ. தடம் என்பதால் போன பைக்குகள் மூச்சு விடுவதற்குள் திரும்பி வந்துவிடுகின்றன.

அந்தக் கோட்டருகே தார்த்தளத்தைக் கீறிக் கம்பி பதித்திருப்பார்கள். அதற்கு லூப் என்று பெயர். ஒவ்வொரு வண்டியிலும் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய டிரான்ஸ்பாண்டர் ஒன்று தன் எண்ணை விடாமல் ஒலிபரப்பிக்கொண்டே ஓடும். வண்டி லூப்பைத் தாண்டுகிற கணத்தில் டீகோடர் அதைப் பல தடவை கேட்டு, சிக்னல் ஏறி இறங்குவதைப் பார்த்து, தாண்டிய நேரத்தைக் கணினிக்குத் தள்ளும். நெதர்லாந்தின் ஏஎம்பி, இன்றைய மைலாப்ஸ், உலகெங்கும் பேர் வாங்கியது இந்த வகைக் கருவிகளால்தான். மிச்சமெல்லாம் மென்பொருளின் வேலை: யார், எத்தனையாவது சுற்று, முன்னால் போகிறவருக்கும் இவருக்கும் எவ்வளவு இடைவெளி.

1997-இல் ஸ்பெயினின் ஹெரெஸ் நகரில் ஃபார்முலா ஒன் தகுதிச் சுற்றில் வில்நவ், ஷூமாக்கர், ஃப்ரென்ட்சன் மூவரும் 1 நிமிடம் 21.072 நொடி எடுத்தார்கள். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வித்தியாசமில்லை. முதலில் அந்த நேரத்தை எட்டிய வில்நவுக்கு முதலிடம் தந்தார்கள். அமெச்சூர் பந்தயத்தில் தகராறு இவ்வளவு நயமாக வராது. இங்கே முழுசாக ஒரு சுற்றே காணாமல் போகும்.

லேப்டாப்பின் முன் உட்கார்ந்திருந்த பெண், வார நாட்களில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்கு பார்க்கிறவர். பக்கத்து மேசையில் பெரியவர் ஒருவர் பென்சிலும் கட்டம் போட்ட தாளுமாக இருந்தார். சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்திலேயே ஸ்டாப்வாட்ச் பிடித்தவர். ஜன்னலோரம் நின்ற பையன், "ஏழு... முப்பத்தி நாலு... இருபத்தொண்ணு" என்று கூவக் கூவ, அவர் தலை நிமிராமல் எழுதினார். லாப் சார்ட் என்பது அவ்வளவுதான்: சுற்றுக்கு ஒரு பத்தி, அதில் வந்த வரிசையில் வண்டி எண்கள். நேரமே அதில் கிடையாது.

ஐந்தாவது சுற்றில் திரையில் 34 மட்டும் நகரவில்லை. மற்றவர்கள் தாண்டத் தாண்ட அந்தப் பெயர் அடிக்கு இறங்கியது.

"அம்மிணி, முப்பத்தி நாலு போயிட்டானே, நான் எழுதிட்டேன்."

"ஸ்க்ரீன்ல வரலைங்க சார்."

அடுத்த முறை 34 வந்தபோது திரையில் விழுந்த நேரம் 2:36. அதுவரை அவர் 1:18-ஐ ஒட்டியே ஓடிக்கொண்டிருந்தார். சரியாக இரண்டு மடங்கு. ஒரு பதிவு விட்டுப்போயிருக்கிறது என்று எனக்கே தோன்றியது. அந்தப் பெண் அவசரப்படவில்லை. தடம் விட்டு மண்ணில் இறங்கி ஏறினவனுக்கும், பிட்டுக்குள் போய் வந்தவனுக்கும் இப்படி நீண்ட சுற்று வரும் என்றார். வாக்கி-டாக்கியில் மார்ஷல்களைக் கேட்டார். யாரும் விழவில்லை, வெளியேறவில்லை. பெரியவரின் தாளில் 34, ஏழுக்குப் பின்னும் இருபத்தொன்றுக்கு முன்னும் இருந்தது. அதன் பிறகே ஒரு பதிவைக் கையால் நுழைத்தார். 34 பழைய இடத்துக்கு ஏறியது. நுழைத்த பதிவின் நேரம் ஊகம்தான் என்பதால், அதன் இருபுறமும் உள்ள சுற்றுகளை 'பெஸ்ட் லாப்' கணக்கில் சேர்க்கக் கூடாது என்று தன் நோட்டில் குறித்துக்கொண்டார். எனக்கு இந்த வேலையின் மேல் மதிப்பு வந்தது அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான்.

மென்பொருளில் 'குறைந்தபட்சச் சுற்று நேரம்' என்று ஓர் எண் கொடுக்க வேண்டும். அதைவிடச் சீக்கிரம் வரும் பதிவை அது கணக்கில் எடுக்காது. கோட்டருகே வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவரால் பொய்ச் சுற்று விழாமல் இருக்க இந்த ஏற்பாடு. அந்த எண்ணைக் கூட்டி வைத்துவிட்டால் வேகமாக ஓடினவனின் சுற்றையே அது விழுங்கிவிடும். இதையெல்லாம் மெஷின் தானாகச் செய்கிறது என்று நினைக்கிறவர்கள் அந்த நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம்.

பந்தயம் முடிந்ததும் 34-ஐப் போய்ப் பார்த்தோம். டிரான்ஸ்பாண்டரை ஓர் உலோகத் தகட்டுக்குப் பின்னால், படுக்கை வாக்கில், கேபிள் டையால் கட்டியிருந்தார் அந்தக் கல்லூரிப் பையன். தரைக்கும் அதற்கும் நடுவே உலோகம் நின்றால் சிக்னல் மங்கும். சில சுற்று விழும், சில விழாது. பொருத்தும் இடத்திலும் விஷயம் இருக்கிறது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஒரு பைக் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நகரும். ஒருவர் முன்சக்கரத்தை ஒட்டியும் இன்னொருவர் சீட்டுக்கடியிலும் வைத்தால் சுற்று நேரம் மாறாது. ஆனால் கோட்டில் ஒட்டி முடியும்போது யார் முந்தியவர் என்பது மாறிவிடும்.

செல்போன் ஆப் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பயிற்சிக்குத் தாராளமாகப் போதும். பெரும்பாலான போன்களின் ஜிபிஎஸ் நொடிக்கு ஒரு தடவைதான் இடத்தைச் சொல்லும். நடுவில் உள்ளதை ஆப் கணித்து நிரப்பிக்கொள்ளும். அதை வைத்துக் கோப்பை கொடுக்க முடியாது.

செலவைக் குறைக்கப் பார்க்கும் அமைப்பாளர்கள் முதலில் கை வைப்பது பென்சில் பிடிக்கிறவர் மேல்தான். என் கணக்கில் அது தப்பு. லேப்டாப்பை வாடகைக்கு எடுக்கும்போதே, எண்ணைக் கூவ ஒருவர், எழுத ஒருவர் என்று இரண்டு பேருக்கும் பேட்டா ஒதுக்குங்கள். ஓட்டுகிறவர்கள் பயிற்சிச் சுற்று முடிந்ததும் நேரத் தாளில் தங்கள் எண்ணைத் தேடிப் பாருங்கள். சுற்று குறைந்தால் அப்போதே போய்ச் சொல்லுங்கள். புகார் நேரம் தாண்டி, பந்தய நடுவரான ஸ்டூவர்டின் கையெழுத்தும் விழுந்துவிட்டால், டைமிங் அறையில் உள்ளவர்களால் உங்களுக்கு எதுவும் செய்ய முடியாது.