ஒரு மணி நேரப் பறப்புக்கு எத்தனை மணி நேர முன்னேற்பாடு?

தேசப்படத்தை விரித்து வைத்து அளவுகோலால் அளந்து பார்ப்போமாயின், யாழ்ப்பாணத்தவருக்குக் கொழும்பைக் காட்டிலும் அண்மையிலுள்ள பெருநகரம் திருச்சிராப்பள்ளி என்பது புலனாகும். பலாலியிலிருந்து திருச்சிக்கு வான்வழியாக ஏறக்குறைய 185 கிலோமீற்றர். சென்னைக்கு ஏறக்குறைய 355 கிலோமீற்றர். கட்டுநாயக்காவிலிருந்து புறப்படுவோருக்கும் சென்னை 645 கிலோமீற்றர் அளவிலேயே உள்ளது. விமானம் மேலெழுந்து, பணிப்பெண் தேநீர் வழங்கி, வெற்றுக் கிண்ணத்தைத் திரும்ப வாங்குவதற்குள் சென்னை மாநகரின் கட்டடங்கள் கண்ணிற் படத் தொடங்கிவிடும்.

இத்துணைக் குறுகிய பயணத்துக்கு எத்தனை மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தை அடைதல் வேண்டும்? இவ்வினா நம் வீடுகளில் அடிக்கடி எழுகின்றது. வீட்டுப் பெரியவர் நான்கு மணி நேரம் என்பார். கல்லூரி செல்லும் இளைஞர், "ஒரு மணி நேரப் பறப்புக்கு ஒன்றரை மணி நேரம் போதும்" என்பார். இருவர் கூற்றிலும் சிறிது நியாயம் உண்டு. ஆயினும் இருவரும் அளக்க வேண்டியதை அளந்தாரல்லர். பறக்கும் தூரத்துக்கும் காத்திருக்கும் நேரத்துக்கும் தொடர்பு மிகச் சொற்பம். இதனை விளங்கிக்கொள்வதற்கு நம் பழைய பயண வழிகளைச் சற்றே திரும்பிப் பார்த்தல் நன்று.

1914 ஆம் ஆண்டில் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. கொழும்புக் கோட்டையில் இரவு புகைவண்டி ஏறியவர் தலைமன்னார்த் துறையிற் கப்பலேறி, அக்கரையில் மீண்டும் புகைவண்டி ஏறிச் சென்னையை அடைந்தார். "போட் மெயில்" என்று நம் மூதாதையர் வழங்கிய அந்தச் சேவையில் வண்டியும் கப்பலும் ஒன்றையொன்று எதிர்பார்த்தே இயங்கின. கோட்டையில் வண்டியைப் பிடித்துவிட்டவர் மறுநாட் கப்பலைப் பற்றிக் கவலைகொள்ள வேண்டியிருக்கவில்லை. 1964 டிசெம்பரில் வீசிய கொடும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின்னர் கப்பல் இராமேசுவரத்துக்குச் சில ஆண்டுகள் ஓடி, 1980களில் அதுவும் நின்றது.

வான்வழியோ அதற்கு முன்னரே திறந்துவிட்டது. 1947 டிசெம்பர் 10 இல் எயார் சிலோன் நிறுவனத்தின் "சீதாதேவி" என்னும் டக்ளஸ் விமானம் இரத்மலானையிலிருந்து எழுந்து, காங்கேசன்துறையில் இறங்கி, பின் சென்னை சென்றது. எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது வர்த்தக விமானப் பயணமே சென்னைப் பயணந்தான் என்பது நம் மாணவர் நினைவிற் கொள்ளத்தக்கது. யுத்த காலத்தில் வெளிநாட்டு விமானங்களின்றி நெடுங்காலம் கிடந்த பலாலி, 2019 ஒக்டோபர் 17 இல் சர்வதேச நிலையமாக மீளத் திறக்கப்பட்டது. கொரோனா நோயால் 2020 இல் நின்ற சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. 2025 மார்ச் மாத இறுதியில் திருச்சிச் சேவையும் ஆரம்பமாயிற்று.

இனிக் கட்டுநாயக்காவுக்கு வருவோம். அங்கே பயணி கடக்க வேண்டிய வாயில்கள் நான்கு. முதலாவது, கட்டடத்தினுள் நுழையும்போதே பெட்டிகளைக் கதிர்ப்படக் கருவியினுட் செலுத்தும் சோதனை. இரண்டாவது, "செக்-இன்" எனப்படும் பதிவு மேசை. இங்கேதான் கடவுச்சீட்டும் விசாவும் பார்க்கப்பெற்று, பெரிய பெட்டிகள் ஒப்புக்கொள்ளப்படுகின்றன. மூன்றாவது, குடியகல்வு அதிகாரியின் மேசை. நான்காவது, விமானத்துக்குச் செல்லும் வாயிலருகே கைப்பைக்கும் உடலுக்கும் நடைபெறும் சோதனை.

இந்நான்கிலும் குறும்பயணிக்கென்று குறுக்கு வழி இல்லை. குடியகல்வு வரிசையில் நின்று பாருங்கள். முன்னே நிற்பவர் டோஹாவுக்குத் தொழில் தேடிச் செல்லும் இளைஞர். பின்னே நிற்பவர் இலண்டன் செல்லும் மாணவி. இடையில் சென்னை வைத்தியசாலைக்குத் தாயாரை அழைத்துச் செல்லும் மகன். ஒருவருக்குப் பத்து மணி நேரத்துக்கு மேற்பட்ட பறப்பு, ஒருவருக்கு ஐந்து, மற்றொருவருக்கு ஒன்று. வரிசையோ ஒன்றே. வளைகுடா நாடுகளுக்குரிய விமானங்கள் சில அடுத்தடுத்துப் புறப்படும் வேளையாயின் அவ்வரிசை பாம்புபோல் நீளும். சென்னைப் பயணியின் நேரத்தை அவருடைய விமானத்தின் தூரம் தீர்மானிப்பதில்லை. அவ்வேளையிற் புறப்படும் ஏனைய விமானங்களே தீர்மானிக்கின்றன.

இத்துணைச் சோதனை எதற்கு என்று சலித்துக்கொள்வோர் உளர். அதற்குரிய விடை துயரமானது. 1984 ஓகஸ்ட் 2 இல் சென்னை மீனம்பாக்கம் நிலையத்தில் கொழும்பு விமானத்துக்கெனப் பெட்டிகளைப் பதிந்த ஒருவர் விமானத்தில் ஏறவில்லை. அப்பெட்டிகள் நிலையத்திலேயே வெடித்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நாம் குறும்பயணம் என்று இலேசாகக் கருதும் அதே கொழும்பு – சென்னை வழியில் நிகழ்ந்த கொடுமை இது. மறு ஆண்டு யூன் 23 இல், ஏறாத பயணியொருவரின் பெட்டியிலிருந்த குண்டினால் எயார் இந்தியா விமானமொன்று அட்லாந்திக் கடலில் வீழ்ந்து 329 பேர் இறந்தனர். பயணி ஏறாவிடின் அவர் பெட்டியும் பறத்தல் ஆகாது என்னும் விதி சர்வதேச விமானங்களில் இவ்வாறே வேரூன்றியது. 2006 இல் இலண்டனில் வெளிப்பட்ட சதியின் பின்னர், நூறு மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவம் கைப்பையில் தடைப்பட்டது. நம் நாட்டில் 2019 ஏப்ரல் 21 இன் குண்டுவெடிப்புகளை அடுத்து, நான்கு மணி நேரம் முன்னதாக வருமாறு பயணிகள் கேட்கப்பட்டனர். வழியனுப்புவோர் சிலகாலம் உள்ளே விடப்படவில்லை.

பதிவு மேசை விமானம் புறப்படுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னரே மூடப்படுவதற்கும் இதில் ஒரு காரணம் உண்டு. மேசை மூடிய பின்னரே பயணிகளின் முடிவான பெயர்ப்பட்டியல் உருவாகின்றது. பெட்டிகள் எண்ணப்பட்டு விமானத்தில் ஏற்றப்படுகின்றன. ஆட்களும் பொதிகளும் சேர்ந்த நிறை எவ்வாறு பரவியுள்ளது என்று கணக்கிடப்பட்டு விமானியிடம் ஒப்படைக்கப்படுகின்றது. ஆகவே, விமானம் தரையில் நிற்பதைக் கண்ணாடியூடே காட்டி, "அதோ நிற்கின்றதே, ஏற்றிக்கொள்ளுங்கள்" என்று மன்றாடுவதிற் பயனில்லை. விமானம் ஏறும் வாயிலும் புறப்படுவதற்கு இருபது நிமிடங்களுக்குக் குறையாமல் முன்னர் அடைக்கப்படுவது வழக்கம்.

எனவே கணக்கைப் பின்னிருந்து முன்னாகப் போடுதல் வேண்டும். மாணவர்கள் இதனை ஓர் அப்பியாசமாகவே செய்து பார்க்கலாம். காலை பத்து மணிக்கு விமானம் என்க. பதிவு மேசை ஒன்பதுக்கு மூடும். அம்மேசையின் முன் வரிசைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவோம், மணி எட்டு. வாயிற் சோதனைக்கும், பெட்டியின் நிறை கூடி அதனைத் திறந்து அடுக்கும் இடருக்கும் அரை மணி, ஏழரை. வழியில் நேரக்கூடிய தாமதத்துக்கு மேலும் அரை மணி; ஏழு. ஆக, மூன்று மணி நேரம் என்று விமான நிறுவனத்தார் கூறுவது வெற்றுப் பயமுறுத்தல் அன்று. கைப்பை மாத்திரம் உடையவர், முன்னரே இணையத்திற் பதிந்துகொண்டவர், இரண்டு மணி நேரத்திற் சமாளிக்கலாம். ஆயினும் இந்தியா செல்வோரின் விசாவைச் சரிபார்க்கும் பொருட்டு அவரும் மேசைக்கு அழைக்கப்படக்கூடும் என்பதை மறத்தலாகாது.

பலாலியின் இயல்பு வேறு. கட்டடம் சிறிது, விமானமும் எழுபது எண்பது பேரைக் கொள்ளும் சுழல்விசிறி விமானம். வரிசை நீளாது. எனினும் அங்கே தவறவிட்டால் வரும் இழப்புப் பெரிது. கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு ஒரே நாளிற் பல விமானங்கள் உள. பலாலியிலோ அடுத்த விமானத்துக்கு மறுநாள் வரையிலும் காத்திருக்க நேரிடலாம். சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவருக்கும், முகூர்த்தத்துக்குச் செல்பவருக்கும், ஈமக்கிரியைக்கு ஓடுபவருக்கும் அந்த ஒரு நாள் திரும்பக் கிடைப்பதன்று. ஆதலின் வரிசை சிறிதென்று எண்ணிப் பலாலிக்குப் பிந்திச் செல்லுதல் அறிவுடைமையாகாது. சீட்டிற் குறித்த நேரத்தையே அங்கும் கைக்கொள்க.

ஐரோப்பாவிலுள்ள நம் உறவினர், "இங்கே பாரிசிலிருந்து சூரிச்சுக்குப் போக ஒன்றரை மணி நேரம் போதுமே" என்று தொலைபேசியிற் கூறுவதுண்டு. அவர்கள் கூறுவது அவர்களுக்குப் பொருந்தும். பிரான்சும் சுவிற்சர்லாந்தும் ஷெங்கன் உடன்படிக்கைக்குட்பட்ட நாடுகள். அவற்றிடையே வழக்கமாகக் குடியகல்வு வாயிலே இல்லை. நமக்கும் தமிழகத்துக்கும் இடையே கடல் குறுகியதாயினும் எல்லை முழுமையானது.

இனி, நேரத்தை விழுங்கும் சில சிறு காரியங்களைக் கூறுவோம். நள்ளிரவு கழிந்து புறப்படும் விமானங்களில் திகதி மயக்கம் ஏற்படுவது இயல்பு. பதினைந்தாந் திகதி 00.40 என்று சீட்டிற் கண்டால், பதினான்காந் திகதி இரவே நிலையத்தில் இருத்தல் வேண்டும். பதினைந்தாந் திகதி இரவு செல்பவர் ஏறக்குறைய ஒரு முழுநாள் பிந்தியவராவார். மாலைதீவு செல்வோர், அந்நாட்டு மணி நம் மணிக்கு அரை மணி பிந்தியது என்பதையும், சீட்டில் அந்தந்த ஊர் மணியே குறிக்கப்படும் என்பதையும் அறிதல் வேண்டும்.

அம்மா ஆசையோடு கட்டித்தந்த மாங்காய் ஊறுகாயும் நல்லெண்ணெய்ப் போத்தலும் பெரிய பெட்டியிற் செல்லட்டும்; கைப்பையில் வைத்தால் நான்காம் வாயிலில் அவற்றைக் கைவிட்டுக் கண்கலங்க நேரிடும். பருத்தித்துறை வடையும் பனங்கட்டியும் பெட்டியை எளிதிற் கனக்கச் செய்வன. வீட்டிலேயே தராசில் நிறுத்துவிடுக. முதியோருக்குச் சக்கர நாற்காலி வேண்டின் இரண்டு நாட்களுக்கு முன்னரே நிறுவனத்துக்கு அறிவித்து, அவர்களை ஏனையோரினும் அரை மணி முன்னதாக அழைத்துச் செல்க.

யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்கா செல்வோர் இரவு பஸ்ஸில் புத்தளம், சிலாபம் வழியாக ஏறக்குறைய எட்டு மணி நேரம் பயணம் செய்வர். மாரிகாலத்தில் வெள்ளம் வீதியை மறிப்பதுண்டு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் காலை விமானம் பிடிப்போர் முதல்நாட் பகலே நீர்கொழும்பில் உறவினர் வீட்டையோ விடுதியையோ அடைந்து தங்குதல் சாலச் சிறந்தது.

திரும்பி வரும்போது சென்னையிலும் இதே கணக்கே. வாகன நெருக்கடி மிக்க அந்நகரில், நிலைய வாசல் வரை செல்லும் மெட்ரோ வண்டி பெருந்துணை. அங்கே வாசலிலேயே காவலர் சீட்டையும் கடவுச்சீட்டையும் பார்த்த பின்னரே உள்ளே விடுவர். பட்டுப் புடைவைக் கடையில் இறுதி நாட் காலையைக் கழிப்போர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

இறுதியாக ஒன்று. ஒருவரை வழியனுப்ப ஊரே வாகனமேறி வருவது நம் பண்பாட்டின் அழகு. ஆயின் நிலைய வாசலில் ஒவ்வொருவராகத் தழுவி, படமெடுத்து, அழுது, மறந்த பொருளைத் தேடி முடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் போய்விடுகின்றது. உள்ளே தனியாக வரிசையில் நிற்கும் முதிய தாயார் அதன் விலையைப் பதைபதைப்பாகக் கொடுக்கின்றார். ஆசீர்வாதமும் அழுகையும் வீட்டுச் சுவாமி அறையிலேயே நிறைவேறட்டும். வாசலில் ஒரு கையசைப்புப் போதும். மூன்று மணி நேரத்தில் மிச்சமாகும் பொழுதில் அவர் உள்ளே ஆறுதலாக அமர்ந்து, ஒரு கோப்பை தேநீர் அருந்தி, வீட்டுக்குத் தொலைபேசியில் நாலு வார்த்தை பேசிவிட்டு ஏறட்டும்.